டாஸ் கணினியில் சத்தம் வரவில்லையா? கார்டைத் தூக்கிப் போடும் முன்

பழைய 486 அல்லது பென்டியம் கணினியில் கிரியேட்டிவ் நிறுவனத்தின் சவுண்ட் பிளாஸ்டர் என்ற சவுண்ட் கார்டைச் செருகி, விண்டோஸுக்கு முந்தைய இயங்குதளமான டாஸில் ஒரு கேமைத் திறந்தால் சத்தமே இல்லை. உடனே பலரும் கார்டு போய்விட்டது என்று முடிவுகட்டி வேறு கார்டு தேடக் கிளம்பிவிடுகிறார்கள். பெரும்பாலும் கார்டு நன்றாகத்தான் இருக்கும். விண்டோஸில் கேமுக்கும் கார்டுக்கும் நடுவில் டிரைவர் நிற்கும். டாஸில் அப்படி யாரும் இல்லை, ஒவ்வொரு கேமும் நேராகக் கார்டிடமே பேசும். அதனால் கார்டில் உள்ள எண்கள், கணினி தொடங்கும்போது தானாக ஓடும் ஆட்டோஎக்ஸெக்.பேட் கோப்பில் அந்த எண்களைக் கேம்களுக்குச் சொல்லும் பிளாஸ்டர் வரி (SET BLASTER=...), கேமின் அமைப்பு நிரலான செட்டப், மூன்றும் ஒரே விவரத்தைச் சொல்ல வேண்டும்.

ஸ்க்ரூடிரைவரை எடுப்பதற்கு முன் காதைக் கொடுத்துக் கேளுங்கள். இசை வருகிறது, ஆனால் துப்பாக்கிச் சத்தமும் பேச்சும் வரவில்லை என்றால் கார்டுக்கு உயிர் இருக்கிறது. அந்த இசை, கார்டிலேயே இசையை உருவாக்கும் எஃப்எம் சிப்பிலிருந்து வருகிறது. அதற்கு 388 என்ற போர்ட் (கார்டோடு பேசும் முகவரி) போதும், ஐஆர்க்யூவும் (கார்டு செயலியைக் கூப்பிடும் தடம்) டிஎம்ஏவும் (செயலியின் உதவியில்லாமல் நினைவகத்திலிருந்து தரவு போகும் தடம்) தேவையில்லை. டிஜிட்டல் சத்தத்துக்கு இரண்டுமே வேண்டும். ஒரு சத்தத்தின் துண்டு மட்டும் திரும்பத் திரும்ப ஓடிக்கொண்டே இருந்தால் டிஎம்ஏ சரி, ஐஆர்க்யூதான் தப்பு. இதைக் கவனிக்காமல் எல்லா எண்களையும் ஒரே நேரத்தில் மாற்றிப் பார்ப்பது வேலையை இரட்டிப்பாக்கும்.

ஐஆர்க்யூ தகராறில் பழைய எதிரி பிரிண்டர் போர்ட். ஆரம்பகால சவுண்ட் பிளாஸ்டர்கள் 7 என்ற ஐஆர்க்யூவோடு வந்தன, முதல் பிரிண்டர் போர்ட்டுக்கும் அதே 7. இந்தக் கார்டுகள் செருகப்படும் பழைய வகையான ஐஎஸ்ஏ ஸ்லாட்டில் இரண்டு கார்டுகள் ஒரே ஐஆர்க்யூவைப் பங்கு போட்டுக்கொள்ள முடியாது. அதனால் 5-க்கு மாற்றுவது நல்லது. ஆனால் அந்த 5-ஐ நெட்வொர்க் கார்டு பிடித்து வைத்திருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். அதற்குப் பின் வந்த பிசிஐ ஸ்லாட்டும் உள்ள போர்டுகளில், கணினியின் அடிப்படை அமைப்புத் திரையான பயாஸுக்குள் போய் 5-ஐ ஐஎஸ்ஏவுக்கு ஒதுக்க வேண்டியிருக்கும்.

இங்கேதான் அதிகம் பேர் தடுக்கி விழும் இடம் வருகிறது. பிளாஸ்டர் வரியில் 7-ஐ 5 ஆக்கிவிட்டால் கார்டும் மாறிவிடும் என்று நினைக்கிறார்கள். மாறாது. அந்த வரி கேம்களுக்கான தகவல் மட்டுமே. பழைய கார்டுகளில் ஜம்பரை (ஊசிமுனைகளை இணைக்கும் சிறு மூடியை) நகர்த்த வேண்டும். 1992-இல் வந்த சவுண்ட் பிளாஸ்டர் 16-இல் ஐஆர்க்யூவும் டிஎம்ஏவும் மென்பொருளால் அமைபவை, கிரியேட்டிவ் கொடுத்த டயக்னோஸ் நிரலை ஓட்டினால்தான் புது எண் கார்டுக்குப் போய்ச் சேரும். ஜம்பரே இல்லாமல் மென்பொருளே எல்லா எண்களையும் ஒதுக்கும் பிளக் அண்ட் பிளே கார்டு என்றால் அதை எழுப்பும் நிரல் ஒவ்வொரு முறை பூட் ஆகும்போதும் ஓட வேண்டும். அது ஓடாவிட்டால் டாஸுக்கு அங்கே கார்டு இருப்பதே தெரியாது.

வரியை எழுதுவதிலும் கவனம் வேண்டும். சவுண்ட் பிளாஸ்டர் 16-க்கு வழக்கமான எண்கள் இவை: போர்ட் 220, ஐஆர்க்யூ 5, 8 பிட் டிஎம்ஏ 1, 16 பிட் டிஎம்ஏ 5, மிடி (மின்னணு இசைக் கருவிகளுக்கான) போர்ட் 330, கார்டின் வகை 6. சமக்குறிக்கு முன்னால் இடைவெளி விட்டால், அந்த இடைவெளியையும் பெயரோடு சேர்த்து டாஸ் வேறொரு மாறியை உண்டாக்கிவிடும். கேம் தேடும் பிளாஸ்டர் அங்கே இருக்காது. மெனுவையோ, கோப்புகளைக் கையாளும் நார்ட்டன் கமாண்டர் நிரலையோ திறக்கும் வரிக்குக் கீழே இதைப் போட்டாலும் பயனில்லை, அந்த நிரலை மூடும்வரை டாஸ் கீழே இறங்காது. சந்தேகம் இருந்தால் செட் (SET) என்று மட்டும் அடித்துப் பாருங்கள், பட்டியலில் வரி இருக்கிறதா இல்லையா என்பது தெரிந்துவிடும்.

அப்புறம் கேமின் செட்டப். வேறொரு கணினியிலிருந்து காப்பி செய்த ஃபோல்டரில் அந்தக் கணினியின் எண்களே சேமிக்கப்பட்டிருக்கும். பிளாஸ்டர் வரியைப் படிக்காத கேம்களும் உண்டு. எனவே செட்டப்பை ஒருமுறை புதிதாக ஓட்டிவிடுங்கள். சவுண்ட் பிளாஸ்டர் 16 வைத்துக்கொண்டு செட்டப்பில் சவுண்ட் பிளாஸ்டர் ப்ரோவைத் தேர்ந்தெடுத்தால் சத்தம் வரும், ஆனால் ஸ்டீரியோ கிடைக்காது. ப்ரோவின் ஸ்டீரியோ முறை 16-க்குத் தெரியாது. இது கார்டின் இயல்பு, இதற்காக ஸ்பீக்கரைக் கழற்றிப் பார்க்க வேண்டாம்.

கார்டோடு வந்த எல்லா டிரைவர்களையும், டாஸ் தொடங்கும்போது படிக்கும் கான்ஃபிக்.சிஸ் கோப்பில் அடுக்குவதும் வேண்டாம். அவை 640 கேபி நினைவகத்தைத் தின்னும், பெரும்பாலான கேம்களுக்கு அவை தேவையே இல்லை.

எல்லாம் சரியாக வேலை செய்தும் குவேக் போன்ற கேமில் இசை மட்டும் வராவிட்டால், மேலே சொன்ன எண்கள் எதையும் தொடாதீர்கள். அந்த இசை சிடியில் ஆடியோ டிராக்காக இருக்கிறது. டாஸில் அது சிடி டிரைவின் பின்புறத்திலிருந்து சவுண்ட் கார்டுக்குப் போகும் மெல்லிய ஆடியோ கேபிள் வழியாகவே வரும். கேபிள் இருந்தும் வராவிட்டால் மிக்ஸர் நிரலைத் திறந்து சிடியின் அளவைக் கூட்டிப் பாருங்கள்.