கரும்புச் சோகையும் அரச இலையும்: இயற்கைப் பொருட்களில் ஒட்டுப்படம் செய்யலாம் வாங்க

மொரீஷியஸில் டிசம்பர் வந்தால் தெருவெல்லாம் ஃபிளாம்புவயான் (செம்மயிற்கொன்றை) பூக்கள் சிவந்து உதிரும். பிள்ளைகளுக்கும் விடுமுறை. அந்த இதழ்களை அள்ளிவந்து அட்டையில் ஒட்டிப் பார்க்காத வீடு குறைவு. சில நாட்களிலேயே சிவப்பு மங்கிப் பழுப்பாகிவிடும், ஓரமெல்லாம் சுருண்டுகொள்ளும். கைப்பழக்கம் போதவில்லை என்று நினைத்து அதோடு விட்டுவிடுகிறார்கள். கையில் குறையே இல்லை. சில பொருட்களை அப்படியே ஒட்டலாம், சிலவற்றின் தடத்தை மட்டும் எடுக்கலாம், சிலவற்றைக் காகிதத்தில் வெட்டித்தான் கொண்டுவர முடியும். இந்தப் பிரிவினை பிடிபட்டால் எந்தப் புதியவரும் நல்ல படம் செய்துவிடலாம்.

படி 1: பொறுக்குவது

அப்படியே ஒட்டத் தகுந்தவை ஏற்கெனவே பாதி காய்ந்தவைதான். கரும்புச் சோகை, வாழைச் சருகு, கடலோரத்தில் உதிர்ந்து கிடக்கும் சவுக்கு ஊசிகள், தாழை ஓலை, தென்னையின் பன்னாடை. பன்னாடைக்கு ஈடான பொருளை எந்தக் கலைப்பொருள் கடையிலும் வாங்க முடியாது. குறுக்கும் நெடுக்குமாகத் தானே நெய்துகொண்ட துணி அது. மலைச்சரிவு, மேகம், மீன்வலை என்று எதுவாகவும் மாறும். சோகை வேண்டுமென்றால் ஜூன் முதல் நவம்பர் வரையிலான வெட்டுக் காலம் வசதி. ஓரம் கையைக் கிழிக்கும், கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.

பனி உலர்ந்த பிறகு, காலை பத்து மணிவாக்கில் பொறுக்குங்கள். மழை பெய்த அன்று வேண்டாம். கடற்கரை மணலையும் பவளத் துண்டுகளையும் தொடாமல் விடுங்கள். பிளாக் ரிவர் கார்ஜஸ் தேசியப் பூங்காவுக்குள் எதையும் பறிக்காதீர்கள். இந்தத் தீவை விட்டால் வேறெங்கும் இல்லாத செடிகள் அங்கே இருக்கின்றன.

படி 2: காயவைப்பது

பொறுமை வேண்டிய இடம் இதுதான். நம் ஊர்க் காற்றில் ஈரம் அதிகம், மழை மிகுந்த கியூர்பிப் நகரப் பக்கம் கேட்கவே வேண்டாம். சரியாகக் காயாத இலை படத்துக்குள் போனால் பூஞ்சணம் நிச்சயம்.

பழைய செய்தித்தாளை நாலைந்து தாளாக அடுக்கி, இலைகளை ஒன்றின்மேல் ஒன்று படாமல் பரப்பி, மேலே அதேபோல் தாள் வைத்து, கனமான புத்தகங்களை ஏற்றுங்கள். வழவழப்பான வண்ணத் தாள் ஈரத்தை உறிஞ்சாது, சாதாரணச் செய்தித்தாளே நல்லது. முதல் நான்கு நாள் தினமும் தாளை மாற்ற வேண்டும். இதைச் செய்யாமல் விடுவதால்தான் இலைகள் கறுக்கின்றன. பிறகு பத்து நாள் சும்மா விடுங்கள். காய்ந்ததா என்று அறிய இலையைக் கன்னத்தில் வைத்துப் பாருங்கள். சில்லென்று இருந்தால் உள்ளே இன்னும் ஈரம் இருக்கிறது.

சருகு, பன்னாடை, ஓலை இவற்றில் பூச்சி முட்டை இருக்கலாம். காய்ந்தபின் பிளாஸ்டிக் பையில் காற்றுப் புகாமல் கட்டி ஒரு வாரம் ஃபிரீசரில் வையுங்கள். வெளியே எடுத்ததும் பையைப் பிரிக்காமல் அறைச் சூட்டுக்கு வரவிடுங்கள், இல்லாவிட்டால் உள்ளே நீர் கோத்துக்கொள்ளும்.

அரச இலைக்குத் தனி மரியாதை. கோயில் வாசலில் உதிர்ந்ததை எடுத்துவந்து இரண்டு மூன்று வாரம் தண்ணீரில் ஊறப்போடுங்கள். அவ்வப்போது தண்ணீரை மாற்றுங்கள். சதை குழைந்ததும் மென்மையான பல்துலக்கியால் தட்டித் தட்டி எடுத்தால் நரம்பு வலை மட்டும் மிஞ்சும். நாற்றம் வரும், வாளியைக் கொல்லையில் வையுங்கள். அந்த வலையைக் கையில் ஏந்தும்போது பட்ட பாடெல்லாம் மறந்துபோகும்.

படி 3: அடித்தளம்

300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம் எடையுள்ள) நீர்வண்ணத் தாள், ஏ4 அளவு போதும். தடித்த அட்டையும் சரி. தேயிலையைக் கெட்டியாகக் கொதிக்கவைத்து, ஆறியதும் அகலத் தூரிகையால் தாள் முழுக்கப் பூசுங்கள். நம் ஊர்ப் போவா செரி தேயிலை அருமையான மண்நிறம் கொடுக்கும். அது காய்ந்ததும் நாட்காட்டித் தாள்களைக் கிழித்து அங்கங்கே ஒட்டுங்கள். தமிழ் எழுத்து மங்கலாகத் தெரியும்படி, தண்ணீர் கலந்த வெள்ளை அக்ரிலிக் வண்ணத்தை மேலே ஒரு கை இழுங்கள். கத்தரிக்கோல் வேண்டாம், கிழித்த ஓரந்தான் அடித்தளத்தோடு கலக்கும்.

மஞ்சள்தூளால் நிறம் ஏற்ற ஆசை வரும். வெளிச்சம் பட்டால் சீக்கிரம் வெளுத்துவிடும் என்பதால் மஞ்சளுக்கு அக்ரிலிக்கையே நம்புங்கள்.

படி 4: தடம் எடுப்பது

காசைத் தாளுக்கடியில் வைத்துப் பென்சிலால் தேய்த்திருப்பீர்களே, அதே வித்தைதான். ஓவியர் மாக்ஸ் எர்ன்ஸ்ட் 1925-இல் மரத்தரையின் ரேகைகளை இப்படித் தேய்த்தெடுத்துத்தான் தன் காடுகளை உருவாக்கத் தொடங்கினார். ஈரப்பலா இலை இதற்கென்றே படைத்ததுபோல் இருக்கும். நரம்பு புடைத்த அடிப்பக்கத்தை மேலே பார்க்க வைத்து, மெல்லிய தாளைப் போர்த்தி, மெழுகுக் கிரேயானைப் படுக்கைவாட்டில் தேயுங்கள். அந்தத் தாளின்மேல் தண்ணீர் கலந்த வண்ணம் பூசினால் மெழுகுக் கோடுகள் வண்ணத்தைத் தள்ளிக்கொண்டு பளிச்சென்று எழும்.

படி 5: காகிதத்தில் வெட்டுவது

ஃபிளாம்புவயான் இதழும் செம்பருத்தியும் இந்த வழியில்தான் வர வேண்டும். மெல்லிய தாளில் நாலைந்து வகைச் சிவப்பைப் பூசிக் காயவைத்து வெட்டுங்கள். மேரி டிலானி என்ற ஆங்கிலேயப் பெண்மணி எழுபது வயதைத் தாண்டிய பிறகு இதைத் தொடங்கி ஆயிரத்துக்குச் சற்றுக் குறைவான மலர்களைக் காகிதத்திலேயே செய்தார். அவை பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கின்றன. 1992-இல் நாட்டு மலராக அறிவிக்கப்பட்ட டிரோசெட்டியாவையும் இப்படியே செய்யுங்கள். அது அரிதாகிவிட்ட செடி, படத்துக்காகக்கூட ஒரு பூவைப் பறிக்கக்கூடாது.

படி 6: ஒட்டுவது

முதலில் பசையில்லாமல் அடுக்கி, கைப்பேசியில் படமெடுத்துக்கொள்ளுங்கள். தாள்களுக்கு மூன்று பங்கு வெள்ளைப் பசை, ஒரு பங்கு தண்ணீர். பன்னாடைக்கும் சோகைக்கும் தண்ணீர் சேர்க்காத பசை. பின்னாலிருந்து முன்னால் வாருங்கள்: தடத்தாள், பிறகு சருகு, பிறகு வெட்டிய பூக்கள், கடைசியில் அரச இலை வலை. ஒரு மூலையையாவது வெறுமையாக விடுங்கள். புதியவர்கள் செய்யும் படங்கள் மூச்சுத் திணறுவது அப்படி விடாததால்தான்.

தாள் வளைந்தால் பின்பக்கமும் அதே பசைநீரைப் பூசி, மெழுகுத்தாள் போர்த்தி, இரவு முழுக்கப் பாரம் வையுங்கள்.

படி 7: மேல்பூச்சு

மேல்பூச்சாக வெள்ளைப் பசையைப் போடாதீர்கள், மழைக்காலத்தில் பிசுபிசுக்கும். பளபளப்பில்லாத (மேட்) அக்ரிலிக் வார்னிஷ் இரண்டு முறை மெல்லியதாகப் பூசுங்கள், இடையில் நன்றாகக் காயட்டும். சட்டம் போடும்போது கண்ணாடி படத்தைத் தொடாதபடி இடையில் அட்டை விளிம்பு வைக்கச் சொல்லுங்கள். நேர்வெயில் படும் சுவரும் சமையலறைச் சுவரும் வேண்டாம்.