குறிப்பு கொடுத்தால் புதிர் கெட்டுவிடுமா? புதிர்க் குழுக்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கூட்டாகப் புதிர் அவிழ்க்கும் எந்தக் குழுவிலும் ஒருநாள் இந்தச் சண்டை வந்தே தீரும். புதிரைப் போட்டவர் ஒரு குறிப்பைத் தருகிறார், அல்லது முழு விடையையும் வெளியிட்டுவிடுகிறார். பாதிப் பேர் நிம்மதிப் பெருமூச்சு விடுகிறார்கள். மீதிப் பேருக்கோ கோபம்: "இன்னும் இரண்டு நாள் விட்டிருந்தால் நாங்களே கண்டுபிடித்திருப்போம்." இந்தக் கோபத்தை நான் மதிக்கிறேன். புதிர் மேல் ஆசை உள்ளவருக்குத்தான் அது வரும். ஆனாலும் பெரிய புதிர்களின் கதைகளைப் பார்த்தால், குறிப்பும் விடையும் வந்ததால் கெட்ட புதிர்கள் குறைவு. அவை கோணலாக வந்ததாலோ, வராமலே போனதாலோ கெட்டவைதான் அதிகம். அந்தக் கோணல்களைத்தான் இங்கே சொல்லப்போகிறேன்.

விடையை மூடியே வைத்தால் புதிர் வாழும் என்று நம்புவது

முதலில் சொல்ல வேண்டிய தவறு இது. இதன் சேதம்தான் பெரிது, இதைத்தான் பலர் பெருமையாகவும் நினைக்கிறார்கள்.

பைரன் பிரைஸ் என்ற அமெரிக்கப் பதிப்பாளர் 1982ல் 12 ஓவியங்களும் 12 பாடல்களும் கொண்ட ஒரு புதையல் வேட்டைப் புத்தகத்தைக் கொண்டுவந்தார். வெவ்வேறு இடங்களில் 12 பெட்டிகளைப் புதைத்திருந்தார். ஒவ்வொன்றையும் தேட ஓர் ஓவியத்தையும் ஒரு பாடலையும் சரியாக ஜோடி சேர்க்க வேண்டும். முதல் பெட்டி 1983ல் சிகாகோவில் கிடைத்தது, அடுத்தது 2004ல் கிளீவ்லாந்தில், மூன்றாவது 2019ல் பாஸ்டனில். இதற்கு நடுவே, 2005ல், பிரைஸ் ஒரு கார் விபத்தில் இறந்துபோனார். மற்ற பெட்டிகளுக்கான விடைகளை அவர் வெளியிட்டிருக்கவில்லை.

இதனால் தேடுபவர்களுக்கு என்ன ஆயிற்று என்று யோசியுங்கள். கட்டடங்கள் எழும்புகின்றன, பூங்காக்கள் மாறுகின்றன, மரங்கள் வெட்டப்படுகின்றன. ஒருவர் சரியான இடத்தைக் கண்டுபிடித்துத் தோண்டியும் பெட்டி போயிருந்தால், அவர் சரியாகச் சொன்னாரா என்று உறுதிசெய்ய ஆளில்லை. தவறாகச் சொன்னவரையும் யாராலும் மறுக்க முடியாது. எல்லா ஊகங்களும் ஒரே எடையில் நிற்கும். அப்படிப்பட்ட இடத்தில் வாதத்தை விடக் குரல்தான் ஓங்கும், புதிதாக வருபவர் சோர்ந்து விலகிவிடுவார்.

ஃபாரஸ்ட் ஃபென்னின் கதை வேறு மாதிரி. அவர் 24 வரிக் கவிதை ஒன்றில் வழியை மறைத்து, ராக்கி மலைப்பகுதியில் ஒரு பெட்டியை ஒளித்துவைத்திருப்பதாக 2010ல் அறிவித்தார். 2020 ஜூனில் பெட்டி கிடைத்தது. அது வயோமிங் மாநிலத்தில் இருந்தது என்பதற்கு மேல் எதுவும் சொல்லாமல், அதே ஆண்டு செப்டம்பரில் ஃபென் காலமானார். கண்டெடுத்தவரும் இடத்தைச் சொல்லவில்லை. அந்த இடத்தில் கூட்டம் கூடிவிடும் என்ற அவருடைய கவலையை ஒதுக்கிவிட முடியாது. ஆனால் பத்து வருடம் அந்த வரிகளோடு வாழ்ந்தவர்களுக்கு, தாங்கள் எந்த வரியில் வழி தவறினோம் என்று தெரிந்துகொள்ளும் உரிமை இருந்தது என்றே நினைக்கிறேன். பரிசு கிடைக்காதது தோல்வி மட்டும்தான். எங்கே தவறினோம் என்பதே தெரியாமல் போவது தீராத உறுத்தல்.

ஆகவே புதிர் போடுபவர் முதல் நாளே இரண்டு காரியம் செய்துவிட வேண்டும். விளக்கத்தோடு கூடிய முழு விடையை எழுதி, நம்பகமான இன்னொருவரிடம் கொடுத்து வைக்க வேண்டும். விடை எப்போது வெளிவரும் என்பதை, "யாராவது கண்டுபிடித்ததும் அல்லது இந்தத் தேதியில்" என்று முன்கூட்டியே அறிவிக்க வேண்டும். தேதி முதலிலேயே தெரிந்திருந்தால் "அவசரப்பட்டு வெளியிட்டுவிட்டீர்கள்" என்ற சண்டைக்கே இடமிருக்காது.

எந்தக் குறிப்பும் பாதி விடை என்று பயப்படுவது

குறிப்பு என்றாலே புதிர் போச்சு என்பவர்களுக்கு இரண்டு பழைய சோதனைகளைச் சொல்ல வேண்டும்.

மூன்று வரிசையாக ஒன்பது புள்ளிகள். பேனாவை எடுக்காமல் நான்கே நேர்கோடுகளில் எல்லாவற்றையும் இணைக்க வேண்டும். கோடுகள் புள்ளிகளின் சதுரத்துக்கு வெளியே நீள வேண்டும் என்பதுதான் இதன் சூட்சுமம். உளவியலாளர்கள் அதையே வெளிப்படையாகச் சொல்லிவிட்டுச் சோதித்துப் பார்த்தார்கள். அப்படியும் பெரும்பாலோர் திணறினார்கள். கதவைத் திறந்துவிட்டாலும் உள்ளே நடக்க வேண்டியது அவர்கள்தான் என்பது தெரிந்தது.

இன்னொன்று நார்மன் மேயர் 1931ல் செய்தது. கூரையிலிருந்து இரண்டு கயிறுகள் தொங்குகின்றன, ஒன்றைப் பிடித்தால் மற்றொன்று கைக்கு எட்டாது. இரண்டையும் முடிச்சுப் போட வேண்டும். ஒரு கயிற்றில் கனமான பொருள் ஒன்றைக் கட்டி ஊசலாட விடுவதே வழி. திணறியவர்கள் முன்னால் மேயர் எதேச்சையாக நடப்பதுபோல் போய் ஒரு கயிற்றை லேசாக இடித்து ஆடவிட்டார். சற்று நேரத்திலேயே பலருக்கு விடை பளிச்சிட்டது. எப்படித் தோன்றியது என்று கேட்டபோது, அந்தக் கயிறு ஆடியதைப் பெரும்பாலோர் சொல்லவே இல்லை. தாங்களாகவே கண்டுபிடித்ததாக நம்பினார்கள். நல்ல குறிப்புக்கு இதைவிட நல்ல இலக்கணம் எனக்குத் தெரியவில்லை. அது பார்வையை ஒரு பக்கம் திருப்பிவிடும். கண்டுபிடித்த மகிழ்ச்சி கண்டுபிடித்தவருக்கே சொந்தம்.

எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டுவது

குழுக்களில் நான் அடிக்கடி பார்ப்பது இதுதான். ஒருவர் "இரண்டாவது படியில் நிற்கிறேன்" என்று சொன்னதும், நல்லெண்ணத்தோடு ஒருவர் இரண்டாவது, மூன்றாவது, கடைசிப் படிவரை சொல்லிவிடுவார். கேட்டவருக்கு வேண்டியது ஒரு சின்ன உந்துதல்தான்.

இதற்கு 1980களிலேயே அருமையான தீர்வு வந்துவிட்டது. எழுத்துவழிக் கணினி விளையாட்டுகளைத் தயாரித்த இன்ஃபோகாம் நிறுவனம் 'இன்விசிக்ளூஸ்' என்ற குறிப்பேடுகளை விற்றது. ஒவ்வொரு கேள்விக்குக் கீழும் கண்ணுக்குத் தெரியாத மையில் பல பதில்கள் இருக்கும். தனிப் பேனாவால் தேய்த்தால் ஒவ்வொன்றாகத் தெரியும். முதல் பதில் ஒரு சாடை, கடைசிப் பதில் முழு விடை. கேள்விப் பட்டியலைப் படித்தே கதையை ஊகித்துவிடக் கூடாது என்று, விளையாட்டில் இல்லாத விஷயங்களைப் பற்றிய பொய்க் கேள்விகளையும் நடுவே கலந்திருந்தார்கள். அந்த அக்கறையை நினைத்தால் இன்றும் வியப்பாக இருக்கிறது.

ஒருவர் ஒளித்துவைத்த பெட்டியை ஜிபிஎஸ் உதவியோடு மற்றவர்கள் தேடும், 2000ல் தொடங்கிய ஜியோகேச்சிங் பொழுதுபோக்கிலும் இதுபோன்ற ஏற்பாடு உண்டு. ஒளித்துவைத்தவர் தரும் குறிப்பு ரோட்-13 என்ற எளிய மாற்றெழுத்தில் இருக்கும். ஒவ்வொரு ஆங்கில எழுத்தும் பதின்மூன்று இடம் தள்ளி எழுதப்படும். இதை யார் வேண்டுமானாலும் உடைக்கலாம். ஆனால் வேண்டும் என்று முடிவெடுத்தால்தான் படிக்க முடியும், கண் தவறிப் பட்டு விடை தெரிந்துவிடாது. வேர்டில் (Wordle) என்ற சொல் விளையாட்டு வந்தபோது மக்கள் தங்கள் முடிவை எழுத்தே இல்லாத வண்ணக் கட்டங்களாகப் பகிர்ந்ததும் இதே மரியாதைதான். எப்படி ஆடினோம் என்று காட்டலாம், மற்றவர் ஆட்டம் கெடாது.

உங்கள் குழுவிலும் குறிப்புகளை மூன்று தட்டாக எழுதி வையுங்கள்: எங்கே பார்ப்பது, என்ன செய்வது, செய்தால் என்ன கிடைக்கும். அடுத்த தட்டைக் கேட்டால் மட்டும் கொடுங்கள்.

சிலருக்கு மட்டும் காதில் ஓதுவது

குறிப்பு எல்லோருக்கும் ஒரே நேரத்தில், ஒரே சொற்களில் போக வேண்டும். கிட் வில்லியம்ஸ் என்ற ஆங்கிலேய ஓவியர் 1979ல் ஒரு படப்புத்தகத்தில் வழியை மறைத்துவைத்து, பொன் முயல் ஒன்றைப் புதைத்தார். 1982ல் அது எடுக்கப்பட்டது. ஓவியங்களில் உள்ள கண்களிலிருந்து விரல்கள் வழியாகக் கோடு போட்டு எழுத்துகளைப் பிடிக்கும் அந்த அழகான முறையை, எடுத்தவர் அவிழ்த்திருக்கவில்லை. ஓவியருக்கு முன்பு நெருக்கமாக இருந்த ஒருவர் வழியாக இடம் கசிந்திருந்தது 1988ல் செய்தித்தாள் ஒன்றில் அம்பலமானது. முறையாகவே புதிரை அவிழ்த்த இரண்டு இயற்பியல் ஆசிரியர்களுக்கு முயல் கிடைக்கவில்லை. விடை பொதுவில் வெளியானதால் கெட்டதல்ல அந்த வேட்டை. ஒரு பக்கம் மட்டும் கசிந்ததால் கெட்டது.

நேர்மையாகவே தரும் பதில்களும் எல்லை மீறினால் சுமைதான். பிரான்சில் 1993ல் தொடங்கிய பொன் ஆந்தை வேட்டையில், புதிர் அமைத்த மாக்ஸ் வாலன்டன், இணையத்துக்கு முன்பே அங்கே இருந்த மினிடெல் என்ற தொலைபேசிவழிக் கணினிச் சேவை மூலம் தேடுபவர்களின் எண்ணற்ற கேள்விகளுக்கு வருடக்கணக்கில் பதில் சொன்னார். ஆர்வலர்கள் அந்தப் பதில்களைத் தொகுத்து, ஒவ்வொரு சொல்லையும் பிரித்து ஆராய்ந்தார்கள். பதில்களே மூலப்புதிரைவிடப் பெரிய இன்னொரு புதிராகிவிட்டன. அவர் 2009ல் இறந்த பிறகும் வேட்டை ஓடி, 2024 அக்டோபரில்தான் முடிந்தது. போகிற போக்கில் சொல்லும் "ஆமாம், இல்லை"களைவிட, நிதானமாக எழுதி வெளியிடும் நாலு குறிப்புகள் மேல்.

விடையை மட்டும் வெளியிட்டு, வழியை விட்டுவிடுவது

குறுக்கெழுத்தில் மறுநாள் வரும் நிரப்பிய கட்டத்தைப் பார்த்துவிட்டு "இந்தச் சொல் எப்படி வந்தது?" என்று விழித்தவர்களுக்கு இது புரியும். விடை தெரிந்தது, ஆனால் புதிர் புரியவில்லை. ஏமாற்றம் இரட்டிப்பாகிறது.

இதற்கு உலகமே அறிந்த சாட்சி, அமெரிக்காவின் சிஐஏ தலைமையகத்தில் 1990 முதல் நிற்கும், மறைகுறியீட்டு எழுத்துகள் பொறித்த கிரிப்டோஸ் சிற்பம். ஜிம் சான்பார்ன் உருவாக்கியது. அதிலுள்ள நான்கு பகுதிகளில் மூன்று 1990களிலேயே அவிழ்ந்துவிட்டன. நாலாவது வெறும் 97 எழுத்து. 2010ல் 'பெர்லின்', 2014ல் 'கிளாக்', 2020ல் 'நார்த்ஈஸ்ட்', 'ஈஸ்ட்' என்று அவரே சொற்களைச் சொன்னார். 97ல் 24 எழுத்து கையில் கிடைத்த பிறகும் மறைமுறையை யாராலும் பிடிக்க முடியவில்லை. குறிப்பு கொடுத்தால் புதிர் செத்துவிடும் என்பவர்கள் இதைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். 2025ல் சான்பார்ன் ஓர் ஆவணக் காப்பகத்துக்குக் கொடுத்திருந்த தாள்களில் மூல வாசகத்தை இருவர் கண்டெடுத்தார்கள். வாசகம் இருந்தது, அது எப்படி அந்த 97 எழுத்தானது என்ற கணக்கு அதில் இல்லை. ஆர்வலர்களின் பசி அந்தக் கணக்கில்தான் இருக்கிறது.

விடை எழுதும்போது எந்த எண்ணம் முதலில் வர வேண்டும், எது வழி தவற வைக்கும், எந்தத் துப்பு எதை உறுதிப்படுத்துகிறது என்று வரிசையாக எழுதுங்கள். இதில் சோம்பல் படாதீர்கள்.

அமைத்தவரின் பிழையை மறைப்பது

குறிப்பு கொடுக்கலாமா என்று விவாதிக்கலாம், பிழை திருத்தத்தில் விவாதமே கிடையாது. கிரிப்டோஸின் இரண்டாம் பகுதியின் முடிவு 'ஐடி பை ரோஸ்' (ID BY ROWS) என்று பொருள் தருவதுபோலவே அவிழ்ந்ததால், வருடக்கணக்கில் எல்லோரும் அதையே நம்பினார்கள். ஓர் எழுத்து விடுபட்டிருக்கிறது, சரியான முடிவு 'லேயர் டூ' (LAYER TWO) என்று சான்பார்ன் 2006ல் சொன்னார். பிழை தெரிந்த அன்றே, பொதுவில், எல்லோருக்கும் சொல்லிவிட வேண்டும்.

உயிர் சம்பந்தப்பட்டதும் அப்படித்தான். ஃபென்னின் பெட்டியைத் தேடிப்போய்க் குறைந்தது ஐந்து பேர் இறந்தார்கள். பெட்டி நீருக்கு அடியில் இல்லை, ரியோ கிராண்டே ஆற்றின் அருகிலும் இல்லை என்று அவர் பின்னர் விளக்க வேண்டியதாயிற்று. ஆபத்தான இடங்களை விலக்கும் குறிப்பு முதல் நாளே தரப்பட வேண்டியது.

அவிழ்ப்பவர்கள் பக்கத் தவறுகள்

சிக்கிய முதல் நிமிடமே விடையைத் திறப்பது ஒன்று. அதற்கு முன், இதுவரை முயன்றதையும் அது ஏன் சரிவரவில்லை என்பதையும் இரண்டு வரி எழுதிப் பாருங்கள். எழுதும்போதே பல முடிச்சுகள் அவிழும். அவிழாவிட்டாலும், விடையைப் படிக்கும்போது எங்கே திரும்பியிருக்க வேண்டும் என்று பளிச்சென்று தெரியும்.

நேர்மாறாக, குறிப்பைப் பார்ப்பதே அவமானம் என்று மாதக்கணக்கில் முட்டிக்கொண்டு, கடைசியில் பொழுதுபோக்கையே கைவிடுவது இன்னொன்று. குறிப்பு பார்த்தவரைக் கேலி செய்யும் குழுவில் புதியவர் நிலைக்கமாட்டார். "குறிப்போடு அவிழ்த்தேன்" என்று கூச்சமில்லாமல் சொல்ல இடம் கொடுங்கள். முதலாவதாக வந்தவர் யார் என்ற பட்டியல் வேண்டுமானால் தனியாக இருக்கட்டும். உதவி கேட்பவரிடம் முதலில் "எதுவரை வந்தீர்கள், எவ்வளவு சொல்லட்டும்?" என்று கேளுங்கள்.

அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் 1981 முதல் ஒவ்வொரு ஜனவரியும் நடக்கும் மிஸ்டரி ஹன்ட் என்ற புதிர்ப் போட்டியில், போட்டி முடிந்ததும் விடைகள் விளக்கங்களோடு வெளியிடப்படுகின்றன. வெல்லும் அணிதான் அடுத்த ஆண்டுப் புதிர்களை எழுத வேண்டும். அந்த அணிக்குப் பாடநூல், முந்தைய ஆண்டுகளின் விடைத் தொகுப்புதான். உங்கள் குழுவுக்கும் அப்படி ஒரு தொகுப்பு வேண்டுமானால் புதிரை ஒரு பக்கத்திலும், குறிப்புகளை இன்னொன்றிலும், விடையை மூன்றாவதிலும் வையுங்கள். ஐந்து வருடம் கழித்து வருபவரும் முதல் நாள் வந்தவரைப் போலவே ஒன்றும் தெரியாமல் தொடங்கலாம்.