உப்புக்காற்றில் கிடந்த பழைய போட்டோக்களை அருங்காட்சியகத்துக்குத் தயார் செய்வது எப்படி?

பாம்பன், மண்டபம், கீழக்கரைப் பக்கம் காற்றோடு வரும் உப்பு படத்தின்மேல் படிந்து ஈரத்தை இழுக்கும். கறுப்பு-வெள்ளைப் படத்தின் மேல்பூச்சு ஜெலட்டின், அதாவது விலங்குப் புரதப் பசை. ஈரமான ஜெலட்டின் பூஞ்சணத்துக்கு நல்ல தீனி. ஐப்பசி, கார்த்திகை மழையில் இந்த வேலையைத் தொடவேண்டாம். பங்குனி தோதான மாதம்.

முதலில் பிரிப்பது. ஃபிரேம் கண்ணாடியில் ஒட்டிப்போன படத்தை உரிக்கவே கூடாது, மேல்பூச்சு கண்ணாடியோடு போய்விடும். கண்ணாடியோடே ஸ்கேன் செய்யுங்கள். பசை ஆல்பமா? பக்கத்தோடு அப்படியே வையுங்கள்.

அடுத்து பூஞ்சணம். பிசுபிசுப்பாக இருக்கும்போது துடைத்தால் பரவும். நிழலில் உலரவிட்டு, பொடியானதும் முகக்கவசம் போட்டுக்கொண்டு மெல்லிய பிரஷ்ஷால் ஓரத்தை நோக்கித் தள்ளுங்கள். ஈரத்துணி வேண்டவே வேண்டாம். பூஞ்சணம் தின்ற ஜெலட்டின் தண்ணீரில் கரையும். படத்திலுள்ள முகமே வழித்துக்கொண்டு வந்துவிடும்.

ஸ்கேன்: 4×6 அங்குலப் படத்துக்கு 600 டிபிஐ (அங்குலத்துக்கு 600 புள்ளி), 2×3 அங்குலத்துக்கு 1200. இரண்டிலும் 2400×3600 புள்ளிகள் கிடைக்கும். கலர் டிஃப் (TIFF, தரம் குறையாமல் சேமிக்கும் வகை) கோப்பு சுமார் 26 எம்பி வரும். கறுப்பு-வெள்ளையையும் கலரிலேயே எடுங்கள், ஸ்டூடியோ சீல், மை, மஞ்சள் கறை எல்லாம் பதியட்டும். தானியங்கித் திருத்தத்தை அணைத்துவிடுங்கள். பின்பக்கத்தையும் கட்டாயம் எடுக்கவேண்டும். வாட்ஸ்அப்பில் சுருங்கி வந்த படம் தொகுப்புக்கு உதவாது.

பலரும் சோம்பல்படுவது குறிப்பு எழுதத்தான். குறிப்பில்லாத படத்தை வைத்து அருங்காட்சியகம் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது. ஊர், ஆட்கள், படகு வள்ளமா வத்தையா, சொன்னவர் யார் என்று எழுதுங்கள். ஆண்டு தெரியாவிட்டால் படத்துக்குள்ளேயே தேடலாம். பழைய பாம்பன் ரயில் பாலம் திறந்தது 1914-ல். பக்கத்துச் சாலைப்பாலத்தில் பஸ் ஓடினால் 1988-க்கு முந்தியதாக இருக்காது. தனுஷ்கோடி ஸ்டேஷன் கூரையோடு நின்றால் 1964 டிசம்பர் புயலுக்கு முந்தியது. அந்த ரயில் பாலத்தில் கர்டர் (தூண்கள்மேல் கிடக்கும் இரும்பு உத்தரம்) இல்லாமல் தூண்கள் மட்டும் தெரிந்தால் அவசரப்படாதீர்கள்: பாலம் கட்டும்போது எடுத்ததாகவும் இருக்கலாம், புயல் கர்டர்களை அடித்துப்போன பிறகு எடுத்ததாகவும் இருக்கலாம். அஞ்சலட்டைப் படமானால் தபால் முத்திரையையும் நம்பிவிடக் கூடாது. பழைய படத்தை அட்டையாக அச்சிட்டுப் பல வருடம் விற்பார்கள்.

படத்தின் பின்னால் எழுத மெல்லிய பென்சில் போதும், அதுவும் ஓரத்தில். பால்பாயிண்ட் அழுத்தினால் முன்பக்கம் புடைக்கும்.

பிவிசி பிளாஸ்டிக் உறை, செய்தித்தாள் இரண்டும் ஆகாது. அமிலமற்ற காகித உறையில் போட்டு, சுவர் ஓரத்தைத் தவிர்த்து, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லோடு மூடிய டப்பாவில் வையுங்கள். ஜெல் நிறம் மாறினால் மாற்றுங்கள். கொடுக்கும்போது, அசலா நகலா, யார் வெளியிடலாம் என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.