வில்லனுக்கு நிர்வாகம் தெரிய வேண்டும்: புதிய கதாசிரியர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்ற மாதம் ஒரு கதைப் பயிலரங்குக்காகப் பத்தொன்பது கையெழுத்துப் பிரதிகளைப் படித்தேன். எல்லாமே சாகசக் கதைகள். அவற்றில் பதினொன்றில், முதல் மூன்று அத்தியாயங்களுக்குள்ளேயே வில்லன் தன் சொந்த ஆளைக் கொன்றிருந்தான். காரணமும் ஒன்றே: அந்த ஆள் கெட்ட செய்தி கொண்டுவந்தான். பதினோராவது கதையை மூடிவைத்தபோது எனக்கு அப்படியொரு எரிச்சல். இருபது ஆண்டுகளுக்கு முன்னால் நான் விழுந்த அதே குழி. ஏறி வெளியே வர இரண்டு ஆண்டுகள் ஆயின. அந்தக் குழியைச் சுற்றி ஒரு வேலி போடத்தான் இதை எழுதுகிறேன்.

எல்லோருக்கும் தெரிந்த தவறுகளை விட்டுவிடுகிறேன். கட்டிப்போட்ட நாயகனிடம் முழுத் திட்டத்தையும் ஒப்பிப்பது, கையில் கிடைத்த எதிரியை முதலைக் குளத்துக்கு மேலே தொங்கவிட்டுச் சாப்பிடப் போவது, தன் கோட்டையைத் தகர்க்கும் பொத்தானைத் தானே சுவரில் பதித்து வைப்பது ஆகியவற்றை இன்று பள்ளிப் பிள்ளைகளும் கண்டுபிடித்துவிடுகிறார்கள். நான் பேச வருவது வேறு. வில்லன் என்பவன் நாற்பது பேரை வைத்து வேலை வாங்குகிறவன். அந்த நாற்பது பேரும் நாளைக் காலையில் ஏன் மறுபடியும் வேலைக்கு வருகிறார்கள் என்று எழுதுகிறவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரியாவிட்டால் கதை நடுவில் உட்கார்ந்துவிடும்.

கெட்ட செய்தி சொன்னவனைக் கொல்வது

பதினோரு கதைகளிலும் காட்சி ஏறக்குறைய ஒன்றுதான். நீண்ட மண்டபம். வில்லன் முதுகைக் காட்டி நிற்கிறான். உள்ளே வருகிறவனுக்குக் கைகால் உதறுகிறது. “தலைவரே, அவன் தப்பிவிட்டான்.” கொஞ்ச நேரம் மௌனம். பிறகு துப்பாக்கியோ வாளோ பேசுகிறது. உடலை இழுத்துப் போகிறார்கள். வில்லன் எவ்வளவு கொடியவன் என்று காட்டிவிட்டதாக எழுதியவர் நிம்மதி அடைகிறார். தன் கண்ணைத் தானே குத்திக்கொண்ட ஒருவனைத்தான் வாசகர் அங்கே பார்க்கிறார்.

என் முதல் நாவலின் மூன்றாம் அத்தியாயத்தில் நானும் இதையே செய்தேன். ஒரு கடத்தல் கும்பல். துறைமுகத்திலிருந்து தலைவனுக்குச் செய்தி கொண்டுவர ஒரு படகோட்டி. சரக்கு பிடிபட்டுவிட்டது என்று அவன் வந்து சொன்னான். தலைவன் அவனைச் சுட்டான். எழுதி முடித்த இரவில் மகிழ்ச்சியில் எனக்குத் தூக்கமே வரவில்லை. ஒன்பதாம் அத்தியாயத்தில் சிக்கல் வந்தது. நாயகன் வேறு பெயரில் துறைமுகத்துக்குத் திரும்பிவிட்டான். அது தலைவனுக்குத் தெரிந்தால்தான் கதை நகரும். யார் போய்ச் சொல்வது? முன்பு சொன்னவனின் கதி கும்பலில் எல்லோருக்கும் தெரியும். உயிர்மீது ஆசையுள்ள எவனும் வாயைத் திறக்க மாட்டான்.

வழி தெரியாமல், தலைவன் தற்செயலாக ஜன்னல் வழியே நாயகனைப் பார்த்துவிட்டதாக எழுதினேன். பதினோராம் அத்தியாயத்தில் ஒரு கடிதம் கைமாறி அவனிடம் வந்து சேர்ந்தது. பதினான்கில், பக்கத்து மேசையில் யாரோ பேசியது அவன் காதில் விழுந்தது. பிரதியைப் படித்த பதிப்பாசிரியர் அதன் ஓரத்தில் பென்சிலால் ஒரே ஒரு கேள்வி எழுதித் திருப்பித் தந்தார்: “இவனுக்கு எல்லாம் எப்படித் தெரிகிறது?” பதில் சொல்ல முடியாமல் 160 பக்கங்களைத் தூக்கிப் போட்டேன். அந்த ஒரு துப்பாக்கிக் குண்டு கதைக்குள் செய்தி வரும் வழியையே அடைத்துவிட்டது. அது புரிந்தபோது கோபம்தான் வந்தது. பதினோரு பிரதிகளில் அதே குண்டைப் பார்த்தபோது அந்தக் கோபம் திரும்பி வந்தது.

உண்மை உலகிலும் இப்படித்தான் நடந்திருக்கிறது. கி.மு. 69இல் ரோமானியத் தளபதி லூகுல்லஸ் ஆர்மீனியாவுக்குள் படையோடு நுழைந்தான். அரசன் டிக்ரேனஸிடம் அதை முதலில் சொன்னவனின் தலை போயிற்று. அதற்குப் பிறகு எவரும் எதையும் சொல்லவில்லை என்கிறார் பண்டைய கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க். சுற்றிலும் போர்த்தீ மூண்டுகொண்டிருக்க, முகத்துதி பாடுகிறவர்கள் நடுவே அரசன் ஒன்றும் அறியாமல் உட்கார்ந்திருந்தானாம். அதே ஆண்டில், தலைநகருக்கு அருகே நடந்த போரில் அவனுடைய பெரும்படை தன்னைவிட மிகச் சிறிய ரோமானியப் படையிடம் சிதறி ஓடியது.

இராவணனையே எடுத்துக்கொள்ளுங்கள். வால்மீகியின் யுத்த காண்டத்தில் சுகன், சாரணன் என்ற இருவரை அவன் வேவு பார்க்க அனுப்புகிறான். அவர்கள் திரும்பி வந்து எதிரியின் பலத்தை ஒளிக்காமல் சொல்கிறார்கள். சீதையைத் திருப்பிக் கொடுத்துவிடுவது நல்லது என்றும் சொல்கிறார்கள். அவனுக்குக் கோபம் தலைக்கேறுகிறது. ஆனாலும் கொல்லவில்லை. நீங்கள் முன்பு செய்த உதவிகளை நினைத்து விடுகிறேன், என் கண்முன் நிற்காதீர்கள் என்று விரட்டிவிட்டு, வேறு ஒற்றர்களை அனுப்புகிறான். பத்துத் தலை அரக்கனே கையை நிறுத்திய இடம் அது. உங்கள் வில்லனுக்கு என்ன அவசரம்?

அப்படியானால் அவன் என்ன செய்ய வேண்டும்? பயிலரங்குக்கு வந்திருந்த ஒரு பெண் தன் காட்சியைத் திருத்தி எழுதிக் கொண்டுவந்தார். அதன் சுருக்கத்தை இங்கே தருகிறேன்.

வில்லன் திரும்புகிறான். வந்தவனின் செருப்பைப் பார்க்கிறான். அதில் ஒட்டியிருக்கும் சேறு காய்ந்திருக்கிறது.

“எப்போது தப்பினான்?”

“சற்று முன்புதான், தலைவரே.”

“சேறு காய்ந்துவிட்டதே. வாசலில் எவ்வளவு நேரம் நின்றாய்?”

பதில் இல்லை. பிறகு, மெல்ல: “ஒரு மணி நேரம். பயமாக இருந்தது.”

வில்லன் ஒரு நாற்காலியை அவன் பக்கம் நகர்த்துகிறான். “உட்கார். அவன் தப்பியதற்கு உன்னைக் கேட்க மாட்டேன். வாசலில் நின்ற அந்த ஒரு மணி நேரத்துக்குக் கேட்பேன்.”

இங்கே ஒரு சொட்டு இரத்தம் சிந்தவில்லை. ஆனால் படித்தபோது எனக்கு முதுகுத்தண்டு சில்லிட்டது. இவன் செருப்பின் சேற்றிலிருந்து நேரத்தைக் கணக்கிடுகிறவன். தோல்வியைப் பொறுப்பான், தாமதத்தைப் பொறுக்க மாட்டான். அடுத்த முறை இவனுடைய ஆட்கள் கெட்ட செய்தியோடு ஓடி வருவார்கள். நாயகனுக்கு மூச்சுவிட நேரம் இருக்காது. கதையும் வேகம் எடுக்கும்.

ஆள் பொய் சொல்கிறானா என்று சோதிக்கவும் கொலை தேவையில்லை. ஓர் ஒற்றனை இன்னோர் ஒற்றன் அறியாதபடி வைத்து, மூவர் சொல்லும் ஒத்துப்போனால் நம்பு என்று வள்ளுவர் ஒற்றாடல் அதிகாரத்தில் வழி சொல்லியிருக்கிறார்: “ஒற்றொற் றுணராமை ஆள்க உடன்மூவர் சொற்றொக்க தேறப் படும்.” நல்ல அரசனுக்குச் சொன்னதுதான். ஆனால் நல்ல அரசனுக்குப் பயன்படும் முறையைக் கெட்டவன் கையில் கொடுத்துப் பாருங்கள், நாயகனின் வேலை எவ்வளவு கடினமாகிறது என்று தெரியும்.

கதைக்கு அந்தச் சாவு கட்டாயம் வேண்டும் என்றால் கொல்லுங்கள். ஆனால் அதன் விலையை அடுத்த அத்தியாயத்திலேயே வசூலியுங்கள். செத்தவனுக்கு ஒரு தம்பி இருப்பான். அவனும் அதே கும்பலில் வேலை செய்வான். செத்தவனுக்கு மட்டுமே தெரிந்த நீரோட்டங்கள் இருக்கும். புதிதாக வந்தவன் படகை மணல்திட்டில் ஏற்றுவான். இப்படி விலை கொடுக்கும் வில்லனை வாசகர் நம்புவார். விலை கொடுக்காதவன் அட்டைப் பொம்மை.

அடியாட்கள் எல்லோரும் முட்டாள்கள்

முட்டாள்களை வென்ற நாயகனுக்கு என்ன பெருமை? நாற்பது பேரில் ஐந்து பேராவது கெட்டிக்காரர்களாக இருக்கட்டும்.

கூலியைப் பற்றி மூச்சே விடாதது

பத்தொன்பது கதைகளில் ஒன்றிலாவது ஓர் அடியாள் கூலி வாங்கியதாகப் படித்த நினைவில்லை. எல்லோரும் விசுவாசத்துக்காகவே துப்பாக்கிக்கு முன்னால் ஓடுகிறார்கள். நிஜக் கொள்ளையர்கள் இந்த விஷயத்தில் படுகறார். 1722இல் கொல்லப்பட்ட கடற்கொள்ளைத் தலைவன் பார்த்தலோமியூ ராபர்ட்ஸின் கப்பலில் எழுதிவைத்த விதிகள் இருந்தன. அவை 1724இல் அச்சிலும் வந்தன. கொள்ளையில் தலைவனுக்கு இரண்டு பங்கு, சாதாரண ஆளுக்கு ஒரு பங்கு. வித்தியாசம் அவ்வளவுதான். பணியில் கையோ காலோ இழந்தவனுக்குப் பொது நிதியிலிருந்து 800 வெள்ளி. முக்கியமான முடிவுகளில் எல்லோருக்கும் ஓட்டு உண்டு. பங்குக் கணக்கில் ஏமாற்றுகிறவனைத் தனித்தீவில் இறக்கிவிடுவார்கள்.

இந்த விதிகளைப் படித்த பிறகு என் வில்லனுக்கு ஒரு கணக்கனை வைத்தேன். வெள்ளிக்கிழமை மாலையில் அவன் பெட்டியைத் திறந்து பெயர் பெயராகக் கூப்பிட்டுக் காசு கொடுப்பான். அரைப்பக்கக் காட்சிதான். அதற்குப் பிறகு அந்தக் கும்பலில் யார் கஷ்டத்தில் இருக்கிறான், யார் விலைபோவான், யார் போகமாட்டான் என்று எல்லாம் எனக்கே தெரிய ஆரம்பித்தது. ஒரு வெள்ளிக்கிழமை பெட்டி திறக்கப்படவில்லை. அதுதான் அந்த நாவலின் திருப்புமுனை.

பொறிவைத்துப் பிடித்த ஆளை முக்கியமான இடத்தில் உட்கார வைப்பது

மிரட்டிச் சேர்த்தவன், குடும்பத்தைப் பிணையாக வைத்து இழுத்து வந்தவன் ஆகியோரிடம் பெட்டகத்தின் சாவியைக் கொடுக்கும் வில்லன்கள் ஏராளம். பிறகு அவன் துரோகம் செய்யும்போது வில்லன் அதிர்ச்சி அடைகிறான். அதிர்ச்சியடைய அங்கே என்ன இருக்கிறது?

மகாபாரதத்தில் துரியோதனன் இதைச் செய்தான். பாண்டவர் பக்கம் சேரப் புறப்பட்ட சல்லியனுக்கு வழிநெடுக விருந்து வைத்தான். தருமன்தான் உபசரிக்கிறான் என்று நினைத்து மகிழ்ந்த சல்லியன், கேட்டதைத் தருவதாக வாக்குக் கொடுத்து, துரியோதனன் பக்கம் போரிட மாட்டிக்கொண்டான். பிறகு அவன் தருமனைப் பார்த்தபோது, கர்ணனுக்குத் தேரோட்ட நேர்ந்தால் அவன் ஊக்கத்தைக் கெடுக்கிறேன் என்று அங்கேயும் ஒரு வாக்குக் கொடுத்தான். கடைசியில் அதே சல்லியன் கர்ணனின் தேர்த்தட்டில். போர்க்களத்தில் கர்ணன் வில்லை எடுக்கும்போதெல்லாம் பக்கத்திலிருந்தே இகழ்ச்சி.

அதே துரியோதனன் கர்ணனைச் சேர்த்த விதத்தையும் பாருங்கள். அரங்கில் குலம் கேட்டு அவனைத் தலைகுனிய வைத்தபோது, அந்த இடத்திலேயே அங்க நாட்டுக்கு முடிசூட்டினான். அந்தக் கடனைக் கர்ணன் உயிரைக் கொடுத்துத் தீர்த்தான். ஓர் ஆளைப் பிடித்துவைக்க ஒரே தலைவன் கையாண்ட இரண்டு வழிகள் இவை. உங்கள் வில்லனின் வலது கையை அவன் எந்த வழியில் சேர்த்தான் என்று முதல் பக்கத்தை எழுதுமுன் முடிவு செய்துகொள்ளுங்கள். காட்சியாக எழுத வேண்டியதில்லை. அந்த ஆள் கதவைத் திறந்து உள்ளே வரும் விதத்திலேயே அது தெரிந்துவிடும்.

எல்லாவற்றையும் தானே செய்யும் வில்லன்

காவலாளியைத் தேர்ந்தெடுப்பது, பூட்டைச் சரிபார்ப்பது, நாயகனின் தங்கையை நேரில் போய் மிரட்டுவது என்று எல்லா வேலையையும் தலைவனே செய்யும் கதைகள் உண்டு. எழுதுகிறவருக்கு அது வசதி, பாத்திரங்கள் குறையும். ஆனால் தன் ஆள் ஒருவனையும் நம்பாத தலைவனுக்கு நாற்பது பேர் எதற்கு? ஒரு முக்கியமான வேலையையாவது வேறொருவனிடம் விட்டுவிடச் செய்யுங்கள். அவன் அதைத் தலைவனைவிட நன்றாகச் செய்துவிட்டால் இன்னும் நல்லது. அன்றிரவு தலைவனுக்குத் தூக்கம் வராது. உங்களுக்கு இரண்டு அத்தியாயங்கள் கிடைக்கும்.

சிரிப்பு

ஒருமுறை போதும்.

கறுப்பு உடை

வேண்டாம்.

வலது கையை எப்போதும் பின்னாலேயே நிற்க வைப்பது

இது கடைசிச் சண்டையில்தான் வெளிப்படும் தவறு. இருநூறு பக்கங்களுக்குத் தலைவனின் நாற்காலிக்குப் பின்னால் கைகட்டி நின்றவன், தலைவன் விழுந்ததும் ஒரு வசனம்கூட இல்லாமல் காணாமல் போய்விடுகிறான். கும்பலும் கரைந்துவிடுகிறது. நாற்பது பேர், ஒரு பெட்டி நிறையப் பணம், மூன்று படகுகள். இவற்றை அப்படியே விட்டுவிட்டுப் போகிறவர்கள் உலகத்தில் இல்லை. தலைவன் செத்த அன்று மாலை அந்தப் பெட்டியின் சாவி யாரிடம் இருந்தது என்று பயிலரங்கில் ஒருவரைக் கேட்டேன். அவர் வெகுநேரம் யோசித்துவிட்டு, கணக்கனிடம் என்றார். அவருடைய இரண்டாவது நாவல் இப்போது அங்கிருந்துதான் தொடங்குகிறது.