ரோட்டரி எஞ்சின் இழுக்கவில்லையா? ஸ்பானரைக் கொஞ்சம் கீழே வையுங்கள்

“அத்தான், எஞ்சின் இழுக்குதில்லை. சீல் போயிட்டுது போல. கழட்டட்டோ?”

கனடாவிலிருந்து என் மனைவியின் தம்பி இப்படிக் கேட்டபோது கொழும்பில் இரவு பதினொரு மணி. ஆறு வருடமாகத் தன் கையாலேயே கட்டிய இரண்டு இருக்கை விமானம் ஒன்றை அவன் வைத்திருக்கிறான். அதன் மூக்கில் இருப்பது மஸ்டா ஆர்எக்ஸ்-8 காரின் ரெனெசிஸ் எஞ்சின். நான் விமான மெக்கானிக் இல்லை. கிருலப்பனையில் சின்னக் கராஜ் வைத்திருப்பவன். ஆனால் ஆர்எக்ஸ்-8 கொழும்பிலும் ஓடுகிறது, வேறு கராஜ்காரர் கைவிட்ட சிலது என்னிடம்தான் வந்து சேரும். அந்தத் தைரியத்தில் “கழட்டாதை” என்று சொன்னேன். மூன்று இரவு வீடியோ அழைப்பில் இருந்து ஒவ்வொன்றாகப் பார்த்தோம். அந்த வரிசைதான் இது. காசு செலவில்லாத சோதனை முதலில், ஸ்பானர் எடுக்க வேண்டியது கடைசியில்.

புதிதாக வருபவர்களுக்கு இந்த எஞ்சினைப் பற்றி இரண்டு வார்த்தை. பிஸ்டன் கிடையாது. முக்கோண வடிவ ரோட்டர் இரண்டு, ஒவ்வொன்றும் 654 சிசி. ரோட்டர் ஒரு முறை சுற்றும்போது நடுத்தண்டு மூன்று முறை சுற்றும். ஒவ்வொரு ரோட்டருக்கும் லீடிங், டிரெயிலிங் என்று இரண்டு பிளக். முக்கோணத்தின் மூன்று நுனியிலும் அபெக்ஸ் சீல் என்ற மெல்லிய பட்டை. எஞ்சின் வலு குறைந்தால் எல்லோரும் முதலில் சந்தேகப்படுவது இந்தச் சீலைத்தான். என் அனுபவத்தில் பாதிக்கு மேல் அது வீண்பழி.

தொடங்கும் முன்

விமானத்தின் வாலைக் கயிற்றால் கட்டுங்கள், சில்லுகளுக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். புரொப்பெல்லர் சுற்றும் தளத்தின் நேர்கோட்டில் யாரும் நிற்கக்கூடாது. எஞ்சினை மூடியிருக்கும் கவுலுக்குள் கை விடும் எந்த வேலையும் எஞ்சினை நிறுத்தி, இக்னிஷனைத் துண்டித்த பிறகுதான். சந்தேகம் தீரும்வரை பறப்பு இல்லை, “ஒரு சுற்று மட்டும்” என்பதும் இல்லை.

படி 1: வலு உண்மையிலேயே குறைந்திருக்கிறதா?

சிரிக்காதீர்கள், இதிலேயே பாதிப் பேர் தடுக்கி விழுகிறார்கள். ரெனெசிஸின் உச்ச குதிரைவலு காரில் நிமிடத்துக்கு 8,500 சுற்றில் கிடைப்பது. விமானத்தில் அந்த வேகத்துக்கு யாரும் போவதில்லை, 6,000 முதல் 7,500 வரைதான். அங்கே 160, 180 குதிரைவலு கிடைத்தால் எஞ்சினில் பிழை இல்லை, எதிர்பார்ப்பில்தான் பிழை.

அடுத்து டக்கோமீற்றர், அதாவது சுற்றைக் காட்டும் மீற்றர், சரிதானா என்று பாருங்கள். கடையில் கிடைக்கும் ஒளிக்கற்றை டக்கோமீற்றரால் புரொப்பெல்லரின் வேகத்தை அளந்து, எஞ்சினின் சுற்றைக் குறைத்துப் புரொப்பெல்லருக்குக் கொடுக்கும் கியர்பொக்ஸின் விகிதத்தால் பெருக்குங்கள். மச்சானின் விகிதம் 2.85. முழு த்ரொட்டிலில், அதாவது லீவரை முழுதாகத் தள்ளியபோது, புரொப்பெல்லர் 1,755 காட்டியது. 1,755 × 2.85 = 5,002. போர்டில் இருந்த மீற்றரும் 5,000 என்றது. ஆக மீற்றர் பொய் சொல்லவில்லை. போன வருடம் புத்தகத்தில் அவன் எழுதி வைத்திருந்தது 5,800.

800 சுற்றுத்தானே என்று நினைக்காதீர்கள். பிட்ச் (இதழின் சரிவு) மாறாத புரொப்பெல்லர் விழுங்கும் வலு, வேகத்தின் முப்படிப்படி ஏறி இறங்கும். 5,000ஐ 5,800ஆல் வகுத்து முப்படி எடுத்தால் 0.64. அதாவது மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வலு காணாமல் போயிருக்கிறது.

வெப்பத்தின் மேல் பழி போடலாமா? இங்கே ஒரு சின்ன நுட்பம் உண்டு. கொழும்பின் 32 பாகைக் காற்று, கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தின் மைனஸ் 10 பாகைக் காற்றைவிட ஏறத்தாழ 14 சதவீதம் ஐதானது. எங்கள் ஈரப்பதன் அதில் இன்னும் மூன்று சதவீதமளவு ஒட்சிசனைத் தள்ளிவிடும். எஞ்சின் வலு அந்தளவுக்குக் குறையும்தான். ஆனால் ஐதான காற்றில் புரொப்பெல்லரின் சுமையும் சேர்ந்து குறைகிறதே! ஆகவே நின்ற இடத்தில் காட்டும் சுற்று பெரிதாக மாறாது. சுற்று பழைய மாதிரியே இருந்து ஏற்றம் மட்டும் மந்தமென்றால் அது வெயில். சுற்றே விழுந்துவிட்டதென்றால் வெயிலை விட்டுவிட்டு அடுத்த படிக்குப் போங்கள்.

இதுவரை ஒருநாளும் நல்ல சுற்றுக் காட்டாத புதிய விமானம் என்றால் புரொப்பெல்லரின் பிட்ச் அதிகமோ என்றும் பாருங்கள். மேடு ஏறும்போது நாலாம் கியரில் முச்சக்கர வண்டி திணறுமே, அதே கதை.

படி 2: மனிபோல்ட் அழுத்தம் – இதுதான் நாற்சந்தி

ஒரே ஒரு சோதனைதான் செய்ய நேரம் இருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள். மனிபோல்ட் என்பது எஞ்சினுக்குள் காற்றைக் கொண்டுபோகும் குழாய். எஞ்சின் நிற்கும்போது அதன் அழுத்தமானி வெளிக்காற்றின் அழுத்தத்தைக் காட்டும். இரத்மலானை மாதிரிக் கடல்மட்ட விமானத் திடலில் அது 29.9 பாதரச அங்குலத்துக்குப் பக்கத்தில் நிற்கும். அந்த எண்ணை எழுதிக்கொள்ளுங்கள். பிறகு எஞ்சினை இயக்கி, சூடானதும், முழு த்ரொட்டிலில் மீண்டும் பாருங்கள்.

ஒன்று அல்லது ஒன்றரை அங்குலத்துக்குள் குறைந்தால் காற்று தாராளமாக உள்ளே வருகிறது. பிழை உள்ளே இருக்கிறது: நெருப்பு (பிளக்கின் பொறி), பெற்றோல், புகைவழி, கொம்பிரஷன் (அறைக்குள் காற்று அமுங்கும் அளவு). மூன்று, நான்கு அங்குலம் குறைந்தால் உள்ளே வரும் வழியில் எங்கோ தொண்டை அடைத்திருக்கிறது, படி 3க்குப் போங்கள். மச்சானுக்கு நிற்கும்போது 29.1, முழு த்ரொட்டிலில் 28.5. நாங்கள் படி 3ஐத் தாண்டி 4க்குப் போனோம்.

படி 3: காற்று வழி

ஒருவர் கொக்பிட்டில் லீவரை முழுதாகத் தள்ளட்டும். நீங்கள் காற்று உள்ளே போகும் வாயிலில் டோர்ச் அடித்து, அதைத் திறந்து மூடும் பட்டர்பிளை வால்வு முழுதாகத் திறக்கிறதா பாருங்கள். கேபிளின் தளர்வு இங்கேதான் மாட்டும். அப்புறம் எயார் பில்டர் இல்லாமல் ஒரு தடவை ஓட்டிப் பாருங்கள், சுற்று ஏறினால் குற்றவாளி அகப்பட்டான். மெல்லிய மடிப்புக் குழாய்களின் உட்பக்கத்தோல் கழன்று, உறிஞ்சும்போது மட்டும் உள்ளே மூடிக்கொள்ளும். நிற்கும்போது கையால் தடவினால் ஒன்றும் தெரியாது. ரெனெசிஸின் ஆறு போர்ட் (காற்று உள்ளே வரும் துளை) வகையில் உயர் வேகத்தில் திறக்கும் துணை வால்வுகள் கரி பிடித்து இறுகுவதும் உண்டு. கொழும்பு நெரிசலில் ஊரும் கார்களில் இதை நான் கண்டிருக்கிறேன்.

படி 4: நெருப்பு

நடுத்தர வேகத்தில் எஞ்சினை வைத்து, லீடிங் பிளக்குகளுக்கு மின்சாரம் கொடுக்கும் கொயில்களை மட்டும் நிறுத்திப் பாருங்கள். சுற்று நன்றாக விழ வேண்டும். திரும்பப் போடுங்கள். இப்போது டிரெயிலிங்கை மட்டும் நிறுத்துங்கள். கொஞ்சம்தான் விழும், ஏனென்றால் வேலையின் பெரும்பங்கு லீடிங்கினுடையது.

புதியவர்கள் ஏமாறும் இடம் ஒன்று இருக்கிறது. நிறுத்தியும் சுற்று விழவில்லை என்றால் “ஆகா, நல்ல எஞ்சின்” என்று மகிழ்கிறார்கள். இல்லை! நீங்கள் நிறுத்தியது ஏற்கெனவே செத்துக் கிடந்தது என்று அர்த்தம். இரண்டையும் ஒரே நேரத்தில் நிறுத்திப் போடாதீர்கள். எரியாத பெற்றோல் சைலன்சரில் சேர்ந்து, திரும்பப் போட்டதும் வெடிக்கும்.

அண்மையில் பிளக் மாற்றியிருந்தால் லீடிங் வயரும் டிரெயிலிங் வயரும் இடம் மாறியிருக்கிறதா பாருங்கள். ரெனெசிஸில் இரண்டுக்கும் ஒரே பிளக் அல்ல. காரில் கீழே இருப்பது லீடிங். விமானத்தில் சிலர் எஞ்சினைச் சரித்துப் படுக்க வைத்திருப்பார்கள், அப்போது மேல் கீழ் என்ற கணக்குச் செல்லாது. கொயிலுக்குப் போகும் மின்னழுத்தத்தையும் எஞ்சின் ஓடும்போதே அளந்துவிடுங்கள். அல்டர்னேட்டர் படுத்து, பற்றரி மட்டும் இழுத்துக்கொண்டிருந்தால் நெருப்பும் சோரும், பெற்றோல் பம்பும் சோரும்.

படி 5: பெற்றோல்

முழு வலுவில் கலவை விகிதம், அதாவது ஒரு பங்கு பெற்றோலுக்கு எத்தனை பங்கு காற்று (எடையில்) என்பது, 12.5 – 13 என்ற அளவில் இருக்க வேண்டும். நடு வேகம் வரை நன்றாக இழுத்து, அதற்கு மேல் 14, 15 என்று மெலிந்து எஞ்சின் சோர்ந்தால், உயர் வேகத்தில் சேர்ந்து பெற்றோல் தெளிக்கும் இரண்டாம் தொகுதி இன்ஜெக்டர்கள் திறக்கவில்லை என்று சந்தேகியுங்கள். ஈயம் கலந்த விமானப் பெற்றோல் ஊற்றுகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. இந்த விகிதத்தை அளக்க உதவும் ஒட்சிசன் சென்சரை ஈயம் கெடுக்கும், பிறகு அது காட்டும் எண்ணை நம்பி ஓடக்கூடாது.

ஓட்ட அளவைச் சோதிப்பது எளிது. 160 குதிரைவலுவுக்கு மணிக்கு ஏறக்குறைய 50 லீற்றர் வேண்டும். பம்ப் மூலம் வரும் அமைப்புக்கு அதன்மேல் கால்பங்கு உபரி வைப்பது வழக்கம். ஆக நிமிடத்துக்கு ஒரு லீற்றருக்குக் கொஞ்சம் மேல். எஞ்சினை நிறுத்தி, தாங்கிக்குத் திரும்பும் குழாயைக் கழற்றி அளவுபோத்தலில் விட்டு, பம்பை ஒரு நிமிடம் ஓட்டுங்கள். வெட்டவெளியில், தீயணைப்பானை அருகில் வைத்துக்கொண்டு. குறைவாக வந்தால் பில்டர், பம்ப், பம்புக்குப் போகும் வயர் என்ற வரிசையில் பாருங்கள்.

மச்சானுக்கு இரண்டு லீற்றர் வந்தது, தாராளம். கலவையும் சரி. இந்த இடத்தில் அவன் மறுபடி சீல் புராணம் பாடத் தொடங்கினான்.

படி 6: புகை வெளியேறும் வழி

ரோட்டரியின் புகை, பிஸ்டன் எஞ்சினின் புகையைவிடச் சூடானது. 900 பாகையைத் தாண்டுவது சர்வசாதாரணம். அதன் அடியும் பலமான அடி. அதனால் சைலன்சருக்குள் இருக்கும் தகடுகள் வெடித்து, கழன்று, வெளிவாயிலில் போய்க் குறுக்காக விழுந்துவிடும். காற்று உள்ளே வரத் தயார், வெளியே போக வழியில்லை. மனிபோல்ட் அழுத்தம் நன்றாக இருந்தும் வலு இல்லாமல் போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

எஞ்சின் நன்றாக ஆறிய பிறகு ரப்பர் சுத்தியலால் சைலன்சரைத் தட்டுங்கள். உண்டியலை ஆட்டியது மாதிரி உள்ளே ஏதாவது குலுங்கினால் கழற்றிப் பாருங்கள். குலுங்காவிட்டாலும் பாருங்கள், ஏனென்றால் மச்சானுடையது குலுங்கவில்லை. தகடு இறுகிச் சிக்கியிருந்தது. கழற்றி டோர்ச் அடித்தபோது வாயிலில் பாதிக்கு மேல் மூடியிருந்தது வீடியோவிலேயே தெரிந்தது. செய்து கொடுத்தவர்கள் மெல்லிய தகட்டை ஓரத்தில் மட்டும் ஒட்டியிருந்தார்கள். தடித்த தகட்டில் வேறு செய்து பூட்டிய பிறகு சுற்று 5,750. “அத்தான், சீல்…” என்று தொடங்கியவன் பாதியில் நிறுத்திக்கொண்டான்.

படி 7: கொம்பிரஷன்

இவ்வளவும் சரியாக இருந்தால் மட்டும் சீலுக்கு வாருங்கள். ரோட்டரிக்கென்று தனி மானி உண்டு, கொழும்பில் தேடிப்பிடிப்பது கடினம். கொழும்பின் உதிரிப்பாகக் கடைத்தெருவான பஞ்சிகாவத்தையில் பழைய ரோட்டரி எஞ்சின் வாங்கப் போகும்போது நான் சாதாரண மானியைத்தான் கொண்டு போவேன், அதன் ஒருவழி வால்வைக் கழற்றிவிட்டு. வால்வு இருந்தால் ரோட்டரின் மூன்று பக்கத்திலும் உள்ள மூன்று அறைகளில் நல்லதன் எண்ணை மட்டும் பிடித்துக் காட்டும், செத்த அறை மறைந்துவிடும்.

எஞ்சின் சூடாக இருக்கட்டும். பெற்றோலையும் நெருப்பையும் துண்டித்து, த்ரொட்டிலை முழுதாகத் திறந்து, லீடிங் பிளக் துளையில் மானியைப் பூட்டி ஸ்டார்ட்டரால் சுற்றுங்கள். புரொப்பெல்லரும் சேர்ந்து சுற்றும் என்பதை மறக்க வேண்டாம். முள் செக்கனுக்கு நான்கு தடவையளவு துள்ளும். கண்ணால் பிடிக்க முடியாது, போனில் மெதுவோட்ட வீடியோ எடுங்கள். மூன்று துள்ளலும் ஒரே உயரம் என்றால் நல்லது. இரண்டு உயரம், ஒன்று குள்ளம் என்றால் ரோட்டரின் தட்டையான பக்கத்தில் உள்ள சைட் சீல் ஒன்று போயிருக்கிறது. இரண்டு அடுத்தடுத்துக் குள்ளம் என்றால் அவற்றுக்கு நடுவில் உள்ள அபெக்ஸ் சீல். ரெனெசிஸுக்கு 250 சுற்றில் 830 கிலோபாஸ்கல் நல்ல எண், 680க்குக் கீழே போனால் எஞ்சினை இறக்கத்தான் வேண்டும். ஸ்டார்ட்டர் மெதுவாகச் சுற்றினால் எண் குறைத்துக் காட்டும், பற்றரியை முழுதாகச் சார்ஜ் செய்துவிட்டுத் தொடங்குங்கள்.

எந்தப் படியில் பிழை அகப்பட்டாலும், சரிசெய்த பிறகு படி 1க்கே திரும்பி வாருங்கள். விமானத்தைக் கட்டி வைத்து, நீர், எண்ணெய் வெப்பமானிகளில் ஒரு கண் வைத்தபடி, முழு த்ரொட்டிலில் சுற்றை அளங்கள். ஆறவிட்டு, இன்னொரு தடவை அளங்கள். இரண்டு எண்ணும் ஒத்துவந்தால் திகதி, வெப்பநிலை, மனிபோல்ட் அழுத்தத்தோடு சேர்த்து எழுதி, கொக்பிட்டில் கண்ணில் படும் இடத்தில் ஒட்டுங்கள். மச்சான் 5,750 என்று எழுதி, அதற்குக் கீழே சின்ன எழுத்தில் “கழட்டாதை” என்றும் எழுதி வைத்திருக்கிறான்.