ஓதமும் காற்றும் ஒரே தாளில்: விரிகுடாவில் படகு எடுக்கும் முன் போட வேண்டிய கணக்கு

விரிகுடாவில் படகு எடுப்பவர்கள் வானிலை முன்னறிவிப்பை ஓரிடத்திலும் ஓத அட்டவணையை (கடல்நீர் ஏறி வடியும் நேரங்களின் பட்டியலை) வேறோரிடத்திலும் பார்த்துவிட்டு, இரண்டிலும் குறையொன்றும் இல்லை என்று புறப்படுவது வழக்கம். நீரின் மேல் அவை தனித்தனியே வருவதில்லை. 15 நாட் (knot, கடலில் வேகத்தின் அலகு) காற்று தன்னளவில் அஞ்சத்தக்கதன்று; 2 நாட் வேகத்தில் வடியும் நீரும் அப்படியே. அவ்விரண்டும் விரிகுடாவின் வாயில் எதிரெதிராகச் சந்திக்கும் ஒன்றிரண்டு மணி நேரத்தில்தான் சிறிய படகு தத்தளிக்கிறது. ஆகவே இங்கே சொல்லப்போவது அடிப்படையில் ஒரே வேலைதான்: ஒரு தாளில் காலை முதல் மாலை வரை மணிகளை வரிசையாக எழுதி, ஒவ்வொரு மணிக்கும் எதிரே நீர்மட்டம், நீரோட்டம், காற்று, அலை ஆகியவற்றை நிரப்பி, பிறகு பயண நேரத்தைக் குறிக்க வேண்டும். கடலில் எல்லா வேகமும் நாட் கணக்கில் வரும். மணிக்கு ஒரு கடல் மைல், அதாவது 1.852 கிலோமீட்டர், ஒரு நாட் ஆகும்.

நீர்மட்டத்தை நிரப்புதல்

முதலில் ஓதத்தை எழுதுங்கள். அது மாறாத பகுதி என்பதால் முன்கூட்டியே எழுதிவிடலாம். நிலவு ஒரே இடத்துக்கு மேலே மீண்டும் வருவதற்கு ஏறத்தாழ 24 மணி 50 நிமிடம் ஆகிறது. அதனால் பெரும்பாலான கரைகளில் நாளுக்கு இரண்டு ஏற்றமும் இரண்டு வற்றமும் வருகின்றன. ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே ஆறு மணிக்குச் சற்று மேற்பட்ட நேரம் இருக்கிறது. மெக்சிகோ வளைகுடாவின் சில பகுதிகளைப் போல, நாளுக்கு ஒரே ஏற்றம் மட்டுமே வரும் இடங்களும் உண்டு. அமாவாசையும் பௌர்ணமியும் கழிந்த ஓரிரு நாட்களில் ஏற்றம் மிக உயரமாகவும் வற்றம் மிகத் தாழ்வாகவும் இருக்கும். நிலவு பாதியாகத் தெரியும் நாட்களை ஒட்டி இந்த வேறுபாடு சுருங்கும். பெரிய ஓத நாட்களில் கூடுதலான நீர் அதே ஆறு மணி நேரத்துக்குள் வந்து போக வேண்டியிருப்பதால், நீரோட்டமும் வேகம் கொள்ளும்.

அட்டவணையைப் படிக்கையில் மூன்று இடங்களில் தவறு நேர்கிறது. அட்டவணை ஒரு குறிப்பிட்ட துறைமுகத்துக்கானது; விரிகுடாவின் உட்பகுதியில் ஏற்றம் பிந்தி வரலாம், உயரமும் மாறலாம். கனடாவின் ஃபண்டி விரிகுடாவில், அதன் நீளமும் ஆழமும் ஓதத்தின் தாளத்தோடு ஏறக்குறைய ஒத்துப்போவதால், உட்கோடியில் ஏற்றவற்ற வேறுபாடு 16 மீட்டர் வரை செல்கிறது. வாய்ப்பகுதியில் அது அவ்வளவு இல்லை. எனவே உங்கள் இடத்துக்கான நேரத் திருத்தத்தையும் உயரத் திருத்தத்தையும் சேர்த்தே எழுதுங்கள். அடுத்து, கோடைகால நேரம் கடைப்பிடிக்கும், அதாவது கோடையில் கடிகாரத்தை ஒரு மணி முன்தள்ளும் நாடுகளில் அச்சிட்ட அட்டவணை அந்த ஒரு மணி நேரத்தைச் சேர்த்திருக்கிறதா என்று பாருங்கள். மூன்றாவதாக, அட்டவணையிலுள்ள உயரம் என்பது நீரின் ஆழமன்று. கடல் வரைபடத்தில் அச்சிட்டிருக்கும் ஆழத்தோடு அதைக் கூட்டினால்தான் உண்மையான ஆழம் கிடைக்கும். வரைபடத்தில் அடிக்கோடிட்ட எண்கள் வற்றத்தில் வெளியே தெரியும் திட்டுகளின் உயரத்தைக் காட்டுபவை. அவற்றை ஓத உயரத்திலிருந்து கழிக்க வேண்டும்.

ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடைப்பட்ட மணிகளை நிரப்ப, பன்னிரண்டு பங்கு முறை போதுமானது. நீர்மட்ட வேறுபாட்டைப் பன்னிரண்டாகப் பிரித்தால் முதல் மணியில் ஒரு பங்கு, இரண்டாவதில் இரண்டு, மூன்றிலும் நான்கிலும் மும்மூன்று, ஐந்தில் இரண்டு, ஆறில் ஒன்று என நீர் ஏறும். வடியும்போதும் அதே வரிசைதான். காலை 7.00 மணிக்கு வற்றம் 0.6 மீட்டர், பிற்பகல் 1.12 மணிக்கு ஏற்றம் 3.0 மீட்டர் என்று கொள்வோம். வேறுபாடு 2.4 மீட்டர் என்பதால் ஒரு பங்கு 20 சென்டிமீட்டர் ஆகும். முதல் மணியில் 20 சென்டிமீட்டர் மட்டுமே ஏறிய நீர், நடுவிலுள்ள இரண்டு மணிகளில் மட்டும் 1.2 மீட்டர் ஏறிவிடும். இப்போது உங்கள் வழியில் 0.3 மீட்டர் உயரமுள்ள ஒரு மணல் திட்டு இருக்கிறது, படகு 0.8 மீட்டர் நீரில் மூழ்கியிருக்கிறது. அடியில் அரை மீட்டராவது இடைவெளி வேண்டும். மூன்றையும் கூட்டினால் 1.6 மீட்டர். காலை 9.45 வாக்கில்தான் நீர் அந்த அளவை எட்டும். அடுத்த வற்றமும் இதே அளவு தாழ்ந்தால், மாலை 4.40 மணியளவில் அந்த வழி மீண்டும் அடைபட்டுவிடும். இவ்விரு நேரங்களையும் தாளில் தடித்த கோடாகப் போடுங்கள். ஏறும் நீரில் தரைதட்டினால் சிறிது நேரத்தில் நீரே படகைத் தூக்கிவிடும். வடியும் நீரில் தரைதட்டியவர் அடுத்த ஏற்றம் வரை காத்திருக்க நேரிடும் என்பதால், திரும்பும் கோட்டுக்கு ஒரு மணி நேரமாவது முன்னதாக வந்துவிடும்படி திட்டமிடுவதே சரி.

இந்த முறை ஒழுங்காக ஏறி இறங்கும் ஓதத்துக்கே பொருந்தும்; குறுகிய வாயின் பின்னால் நீர் தேங்கி நிற்கும் இடங்களில் உள்ளூர் ஓத வரைகோட்டை நம்புவதே நல்லது. மேலும், காற்றழுத்தம் ஒரு ஹெக்டோபாஸ்கல் (காற்றழுத்தமானி காட்டும் அலகு) கூடினால் கடல்மட்டம் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் தாழும். 1013 ஹெக்டோபாஸ்கலைச் சராசரியாகக் கொண்டால், 1033 காட்டும் தெளிவான நாளில் நீர் 20 சென்டிமீட்டர் குறைவாக இருக்கலாம். அதோடு கரையிலிருந்து கடல் நோக்கிப் பலமான காற்று தொடர்ந்து வீசினால் இன்னும் குறையும். மேலே வைத்த அரை மீட்டர் இடைவெளி இதற்காகத்தான், அதைச் சுருக்காதீர்கள்.

நீரோட்டமும் காற்றும்

நீர்மட்டம் மாறும் வேகத்தைப் பொறுத்ததே பெரும்பாலும் நீரோட்டத்தின் வேகம். ஏற்றவற்றத்தின் நடுப்பகுதியில், அதாவது மூன்றாம் மணியின் இறுதியை ஒட்டி, அது உச்சத்தை அடையும். ஆனால் நீர் மிக உயரத்தில் நிற்கும் அதே நொடியில் ஓட்டமும் நின்றுவிடும் என்று எண்ணக்கூடாது. குறுகிய வாய்களில் கரையில் நீர் இறங்கத் தொடங்கிய பின்னும் உள்நோக்கிய ஓட்டம் நெடுநேரம் நீடிக்கக்கூடும். ஆகவே நீரோட்டத்துக்குத் தனி அட்டவணை கிடைத்தால் அதையே பயன்படுத்துங்கள். மெதுவாகச் செல்லும் படகுக்கு இது எவ்வளவு பெரிய வேறுபாடு என்பதற்கு ஒரு கணக்கு: 5 நாட் வேகப் படகு, 3 நாட் ஓட்டத்தோடு 6 கடல் மைல் செல்ல 45 நிமிடம் போதும், அதே ஓட்டத்தை எதிர்த்துத் திரும்ப 3 மணி நேரம் வேண்டும். எரிபொருளையும் பகல் வெளிச்சத்தையும் இந்த மூன்று மணி நேரத்தை வைத்தே கணக்கிட வேண்டும்.

காற்றின் பத்தியை நிரப்புகையில் ஒரு குழப்பத்தைத் தவிர்க்க வேண்டும். காற்றுக்கு அது வரும் திசையால் பெயரிடுகிறோம். நீரோட்டத்துக்கு அது போகும் திசையால் பெயரிடுகிறோம். மேற்குக் காற்று மேற்கிலிருந்து வருகிறது, மேற்கு நீரோட்டமோ மேற்கு நோக்கிப் போகிறது. ஆகவே பெயரில் ஒன்றாகத் தெரியும் இவ்விரண்டும் நேருக்கு நேர் மோதுபவை. இந்தக் காரணத்தால்தான் தாளில் சொற்களை எழுதாமல் அம்புக்குறிகளை வரையச் சொல்வேன்.

முன்னறிவிப்பிலுள்ள காற்றின் வேகம் சராசரி வேகம். ஆஸ்திரேலிய வானிலைத் துறை தன் கடல் முன்னறிவிப்புகளில், திடீர் வீச்சுகள் சராசரியைவிட 40 விழுக்காடு வரை கூடுதலாக இருக்கலாம் என்றும், மிக உயர்ந்த அலை அறிவிக்கப்பட்ட உயரத்தைப் போல் இருமடங்கு வரை எழலாம் என்றும் எச்சரிக்கிறது. எந்த நாட்டு முன்னறிவிப்பைப் படித்தாலும் இந்த இரு திருத்தங்களையும் மனத்தில் கொள்வது தகும். அறிவிக்கப்படும் அலை உயரம் என்பது உயர்ந்த மூன்றில் ஒரு பங்கு அலைகளின் சராசரியே. அதனோடு அலைக்கும் அலைக்கும் இடைப்பட்ட நொடிகளையும் எழுதுங்கள். சிறிய படகுக்கு உயரத்தைவிட அதுவே முக்கியம் என்பது என் கருத்து. ஆழ்ந்த நீரில் 10 நொடிக்கு ஒருமுறை வரும் ஒரு மீட்டர் அலையின் நீளம் ஏறத்தாழ 156 மீட்டர். படகு அதன் மேல் மெல்ல ஏறி இறங்கிவிடும். 3 நொடிக்கு ஒருமுறை வரும் அதே ஒரு மீட்டர் அலைக்கு நீளம் 14 மீட்டர் மட்டுமே. படகின் அணியம் (முன்முனை) ஓர் அலையிலிருந்து எழுவதற்குள் அடுத்தது வந்து அறையும். ஆழமற்ற விரிகுடாக்களில் காற்று எழுப்புவது பெரும்பாலும் இந்த இரண்டாம் வகை அலைதான்.

இரண்டையும் சேர்த்துப் படித்தல்

தாளின் பயன் இங்கேதான் தொடங்குகிறது. 15 நாட் காற்றை எதிர்த்து 2 நாட் நீரோட்டம் வந்தால், நீரின் மேற்பரப்பு உணரும் காற்று 17 நாட். காற்றோடு சேர்ந்து நீர் ஓடினால் 13 நாட். காற்றின் விசை வேகத்தின் இருமடியாகக் கூடுவதால், இந்த நான்கு நாட் வேறுபாடு ஏறத்தாழ 1.7 மடங்கு விசையாகிறது. அதைவிடவும் முக்கியமாக, எதிர்நீரோட்டம் அலைகளை நெருக்கிச் செங்குத்தாக்குகிறது. ஏற்றம் முடிந்து ஓட்டம் திரும்பிய அரை மணியில், காற்று சிறிதும் மாறாமலே, அமைதியான நீர் வெண்நுரை பொங்கும் நீராகிவிடுவது இதனால்தான்.

வெயில் நாட்களில் நிலம் சூடேறி, முற்பகலின் பின்பகுதியில் கடற்காற்று கிளம்பி, பிற்பகலில் உச்சம் கண்டு, மாலையில் தணிகிறது. அது கடலிலிருந்து கரை நோக்கி வீசுவது. வற்றமோ விரிகுடாவிலிருந்து கடல் நோக்கி ஓடுவது. ஆகவே பிற்பகலில் வற்றம் விழும் நாட்களில் வாய்ப்பகுதி கொந்தளிக்கும். பிற்பகலில் ஏற்றம் வரும் நாட்களில் அதே காற்றில் அதே வாய் கடக்கத்தக்கதாக இருக்கும். ஓதம் நாளுக்கு ஏறத்தாழ 50 நிமிடம் பிந்துவதால், ஏழு நாட்களில் அது ஏறக்குறைய ஆறு மணி நேரம் நகர்ந்து நேர்மாறாகிவிடுகிறது. சென்ற வாரம் மூன்று மணிக்கு எளிதாக வந்த வழிதான் என்று நம்பி இந்த வாரம் அதே மூன்று மணிக்கு வருவது எவ்வளவு ஆபத்தானது என்பதை இது காட்டும். அம்புக்குறிகள் எதிரெதிராக நிற்கும் மணிகளை வட்டமிட்டு, அந்த நேரத்தில் வாயிலோ முனைகளின் அருகிலோ ஒடுங்கிய கால்வாய்களிலோ இருக்காதபடி பயணத்தை அமையுங்கள்.

வாயில் மணல் மேடு இருந்தால் கவனம் இன்னும் கூட வேண்டும். தொலைவிலுள்ள புயலிலிருந்து வரும் நீண்ட அலை, வடியும் நீரோடு ஆழமற்ற மேட்டில் மோதி உடைகிறது. உள்ளிருந்து பார்ப்பவருக்கு உடையும் அலைகளின் முதுகு மட்டுமே தெரிவதால், நிலைமை உண்மையைவிட மென்மையாகத் தோன்றும். ஏற்றம் முடியும் நேரத்தை ஒட்டி, ஓட்டம் தளர்ந்திருக்கையில் கடப்பதே பாதுகாப்பு. வெளியே இருக்கையில் மேட்டில் அலை உடையத் தொடங்கிவிட்டால், உள்ளே வர முயலாமல் ஆழமான நீரில் காத்திருப்பது பெரும்பாலும் சரியான முடிவாகும்.

நீரின் மேல் தாளைச் சரிபார்த்தல்

கணக்கு எவ்வளவு கவனமாக இருந்தாலும் கண் அதைத் திருத்த வேண்டும். மிதவையின் எப்பக்கம் நீர் குவிந்து எப்பக்கம் சுழிகிறது, நங்கூரமிட்ட படகுகள் காற்றை நோக்கி நிற்கின்றனவா நீரோட்டத்தை நோக்கி நிற்கின்றனவா, தூண்களின் ஈரக்கோடு நீருக்கு எவ்வளவு மேலே இருக்கிறது என்பவை ஓதத்தைச் சொல்லிவிடும். ஆங்காங்கே வெண்நுரை தெரிந்தால் காற்று 7 முதல் 10 நாட். அது பரவலாகத் தெரியத் தொடங்கினால் 11 முதல் 16 நாட். தாளில் எழுதியதைவிட ஒரு படி கூடுதலாகக் கண்டால், மீதிப் பயணத்தையும் அதற்கேற்பத் திருத்துங்கள். காற்றழுத்தமானியை மணிக்கொருமுறை குறித்து வாருங்கள். மூன்று மணி நேரத்தில் 3.6 ஹெக்டோபாஸ்கலோ அதற்கு மேலோ இறங்கினால், பிரிட்டிஷ் வானிலை அலுவலகத்தின் வழக்கில் அது விரைவான வீழ்ச்சி. காற்று வலுக்கும் என்று கொண்டு திரும்பிவிடுங்கள்.

இடி கேட்டால் மின்னலுக்கும் இடிக்கும் இடைப்பட்ட நொடிகளை மூன்றால் வகுத்தால் கிலோமீட்டர் தூரம் கிடைக்கும். முப்பது நொடி என்றால் பத்து கிலோமீட்டர்தான்; திறந்த படகில் இருப்பவர் அதற்கு முன்பே கரைசேர்ந்திருக்க வேண்டும், கடைசி இடி கேட்டு 30 நிமிடம் ஆகும் வரை மீண்டும் இறங்கக் கூடாது. மூடுபனியில், இரவில் நிலம் குளிர்ந்து உண்டாவது வெயில் ஏறியதும் கலையும். வெப்பமான ஈரக்காற்று குளிர்ந்த கடல்மேல் படிந்து உண்டாவது நண்பகலிலும் கலையாமல் நிற்கக்கூடும் என்பதால், கலையும் என்று காத்திருந்து புறப்படும் திட்டம் அங்கே உதவாது.

நங்கூரமிடும் இடத்திலும் தாளே கைகொடுக்கிறது. வரைபட ஆழம் 2 மீட்டர், இப்போதைய ஓதம் 0.5 மீட்டர், அணியம் நீருக்கு மேல் 1 மீட்டர் என்றால், மூன்றையும் கூட்டி ஐந்து மடங்காக்கும் கணக்கில் 17.5 மீட்டர் கயிறு போதும் என்று தோன்றும். ஓதம் 3.0 மீட்டருக்கு ஏறும்போது தேவை 30 மீட்டர். குறைவாக விட்டவரின் நங்கூரம், அவர் உறங்கும் நேரத்தில் பிடி தளரும். அதேபோல் அடுத்த வற்றத்தில் படகின் அடியில் நீர் மிஞ்சுமா என்றும் பாருங்கள்.

புறப்படும் முன் தாளின் ஒரு படியைக் கரையில் நம்பகமான ஒருவரிடம் கொடுத்து, எந்த நேரத்துக்குள் திரும்பாவிட்டால் கடலோரக் காவலுக்குச் சொல்ல வேண்டும் என்பதை அதிலேயே எழுதுங்கள். வி.எச்.எஃப். வானொலி இருந்தால் அபாய அழைப்புக்குரிய 16ஆம் அலைவரிசையில் செவி வைத்திருங்கள். கரை சேர்ந்ததும் முதல் வேலையாக அவருக்குத் தகவல் சொல்லுங்கள். சொல்ல மறந்தால், பத்திரமாகத் திரும்பிவிட்ட ஒரு படகைத் தேடி மீட்புப் படகு வீணாக அலைய நேரும்.