வெளிநாட்டுச் சிறையில் ஒருவரைப் பார்க்கப் போகிறீர்களா? இந்தத் தவறுகள் வேண்டாம்

பாங்காக்கை ஒட்டிய நொந்தபுரியில், சாவ் பிரயா ஆற்றுப் பக்கம் பாங் குவாங் சிறை இருக்கிறது. நீண்ட தண்டனை பெற்றவர்களையும் மரண தண்டனைக் கைதிகளையும் வைத்திருக்கும் இடம். தாய்லாந்தைச் சுற்றிப் பார்க்க வருபவர்கள் அங்கிருக்கும் வெளிநாட்டுக் கைதியை ஒரு நாள் போய்ப் பார்த்துவிட்டு வருவது ஒரு காலத்தில் வழக்கமாகவே இருந்தது.

முதல் தவறு அதுதான், வேடிக்கை பார்க்கப் போவது. பல சிறைகளில் கைதிக்கு இத்தனை சந்திப்பு என்று கணக்கு உண்டு. நீங்கள் எடுத்துக்கொள்ளும் அரை மணி நேரம், கடன் வாங்கி விமானம் ஏறி வரும் ஒரு தாய்க்குச் சேர வேண்டியதாக இருக்கலாம். அதனால் முதலில் கடிதம் எழுதுங்கள். அவருக்கு விருப்பமா, எந்த மாதத்தில் வந்தால் உதவியாக இருக்கும் என்று கேளுங்கள். போன பிறகு, "அடுத்த மாதம் வருகிறேன்" என்று வாய்க்கு வந்தபடி சொல்லாதீர்கள். வேறு யாரும் வராத மனிதர் அந்தத் தேதியை எண்ணிக்கொண்டிருப்பார்.

நம் ஊரில் மனு போட்டுப் பார்ப்பது போலத்தான் எல்லா இடத்திலும் என்று நினைத்துவிட வேண்டாம். எந்தக் கிழமை, என்ன உடை, பாஸ்போர்ட் வேண்டுமா, முன்பதிவு உண்டா என்பதைத் தூதரகத்திலோ சிறையிலோ முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள். பணம் கொடுப்பதென்றால் சிறை வழியாக அவர் கணக்கில் மட்டும் கட்டுங்கள். யார் கெஞ்சினாலும் எழுதிய துண்டுச் சீட்டு, மாத்திரை, சிம் கார்டு எதையும் கொண்டு போகாதீர்கள். மாட்டினால் அவரோடு நீங்களும் உள்ளே. வழக்கைக் கிளறுவதும் கூடாது, சிறைக்காரர்கள் உங்கள் பேச்சை ஒட்டுக் கேட்கக்கூடும். அவர் சொன்னதைப் பெயரோடு முகநூலில் போட்டால் மேல்முறையீட்டுக்கோ மன்னிப்பு மனுவுக்கோ அது கெடுதலாக முடியலாம்.

தூதரகம் நினைத்தால் வெளியே எடுத்துவிடும் என்று குடும்பத்துக்கு நம்பிக்கை கொடுப்பது அடுத்த தவறு. 1963ஆம் ஆண்டு வியன்னா உடன்படிக்கையின் 36ஆவது பிரிவுப்படி, தூதரக அதிகாரி கைதியைப் பார்க்கலாம், வக்கீல் வைக்க உதவலாம். ஆனால் கைதி கேட்டால்தான் அந்த நாடு தூதரகத்துக்குத் தகவல் சொல்லியாக வேண்டும் என்பதே பொது விதி. ஆகவே அவர் கேட்டாரா என்று முதலில் பாருங்கள். கைதி இந்தியர் என்றால், மீதித் தண்டனையை இந்தியாவில் கழிக்க, கைதிகளைத் தாயகம் அனுப்பும் 2003ஆம் ஆண்டு இந்தியச் சட்டம் வழி செய்கிறது. அதற்கு இரண்டு அரசுகளோடு கைதியும் சம்மதிக்க வேண்டும். வந்தாலும் விடுதலை இல்லை, இங்கே ஒரு சிறைக்குத்தான் வருகிறார்.

சரி, ஒரு நாட்டுச் சிறையை இன்னொரு நாட்டுச் சிறையோடு ஒப்பிடும்போது செய்யும் தவறுகளுக்கு வருவோம். நார்வேயின் ஹால்டன் சிறை 2010இல் திறந்தது. ஜன்னலில் கம்பி இல்லை, அறையில் டிவியும் ஃபிரிட்ஜும் உண்டு. அந்த அறையின் படத்தைப் போட்டு, நார்வேயில் 20 சதவீதம் பேர்தான் மறுபடி குற்றம் செய்கிறார்கள், அமெரிக்காவில் 68 சதவீதம் என்று எழுதுவார்கள். நார்வே முறை நல்லது என்றுதான் நானும் நினைக்கிறேன். ஆனால் அந்த 20, இரண்டு ஆண்டுக்குள் மறுபடி தண்டனை பெற்றவர்கள். அந்த 68, மூன்று ஆண்டுக்குள் மறுபடி கைதானவர்கள். கைதான எல்லோரும் தண்டனை பெறுவதில்லை. இரண்டையும் ஒரே தராசில் வைப்பது சரியில்லை.

எண்ணிக்கையும் ஏமாற்றும். மக்கள்தொகைக்கு இத்தனை கைதிகள் என்று பார்த்தால் இந்தியா அமெரிக்காவுக்கு வெகு கீழே இருக்கிறது. அதை வைத்து நம் சிறைகள் மேல் என்று சொல்ல முடியாது. இங்கே உள்ளே இருப்பவர்களில் சுமார் நாலில் மூன்று பேர் விசாரணைக் கைதிகள், தீர்ப்பே வராதவர்கள்.

அதைவிட முக்கியமான ஒன்றைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். ஒரே சிறையில் உள்ளூர்க்காரர் வாழ்வதும் வெளிநாட்டவர் வாழ்வதும் ஒன்றல்ல. நார்வே 2015 முதல் 2018 வரை நெதர்லாந்தில் நோர்கர்ஹாவன் சிறையை வாடகைக்கு எடுத்துத் தன் கைதிகளை அங்கே அனுப்பியது. கட்டடத்தில் குறை இல்லை. ஆனால் வீட்டார் வந்து பார்ப்பது கடினமானது. ஆகவே அறையின் அகலத்தை மட்டும் கேட்டுவிட்டுத் திரும்பாதீர்கள். டாக்டரிடம் போனால் பேச்சை மொழிபெயர்த்துச் சொல்ல ஆள் வருகிறாரா, இரவில் எத்தனை மணி நேரம் பூட்டுகிறார்கள், அம்மாவிடம் கடைசியாக எப்போது பேசினீர்கள் என்றும் கேளுங்கள்.